அக்டோபர் குளிரும் தொட்டிக் கறிவேப்பிலையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நியூ ஜெர்சியில் செப்டம்பர் கடைசி வரைக்கும் டெக்கில், அதாவது வீட்டை ஒட்டிய மரத்தளத்தில், கறிவேப்பிலை தளதளவென்று நிற்கும். அக்டோபரில் ஏதோ ஒரு வாரம் கனடா பக்கமிருந்து குளிர்காற்று இறங்கும். பகலில் 65 டிகிரி இருந்தது விடியற்காலையில் 36-க்கு வந்துவிடும். நான் சொல்லும் டிகிரி எல்லாம் ஃபாரன்ஹீட்; 50 என்றால் 10 செல்சியஸ், 32 என்றால் தண்ணீர் உறையும் நிலை. அப்புறம் ஒரு வாரத்துக்கு எனக்கு வரும் வாட்ஸ்அப் படங்கள் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். தொங்கிப்போன இலை, ஈரம் சொட்டும் தொட்டி, கீழே "அக்கா, இது பிழைக்குமா?"

இந்தத் தவறுகளில் முக்கால்வாசி நானும் செய்தவைதான். யாரையும் குறை சொல்ல வாயில்லை. ஆனால் ஒரே ஒரு தவறுக்கு மட்டும் இன்னும் கோபம் வருகிறது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லப் போகிறேன். பனி கொட்டும்போது வெளியே விடாதீர்கள் என்பது போன்ற அறிவுரைகள் இங்கே இல்லை. அதெல்லாம் எல்லாருக்கும் தெரியும்.

உறைபனி எச்சரிக்கை வரட்டும் என்று காத்திருப்பது

தேசிய வானிலை சேவை உறைபனி எச்சரிக்கை விடுவது பெரும்பாலும் 33 முதல் 36 டிகிரிக்குள் இறங்கும் இரவுகளுக்கு. ஆப்பிளுக்கும் ரோஜாவுக்கும் அந்தக் கணக்கு சரி. நம் ஊர்ச் செடிகளுக்கு அது ரொம்பத் தாமதம். வெப்ப நாட்டுச் செடி உறைந்துதான் சாக வேண்டும் என்றில்லை. 50-க்குக் கீழே போனதுமே இலையிலும் வேரிலும் உள்ள செல் சவ்வுகள் விறைக்கத் தொடங்கும். காயம் பட்டது அன்றைக்கே தெரியாது, நாலைந்து நாள் கழித்து மஞ்சளாகவோ கறுப்பாகவோ வெளியே வரும்.

இன்னொன்று, போனில் பார்க்கும் வெப்பநிலை தரையிலிருந்து ஐந்தாறு அடி உயரத்துக் காற்றுடையது. மேகமும் காற்றும் இல்லாத இரவில் இலை தன் சூட்டை வானத்துக்கு இழந்துகொண்டே இருக்கும். சுற்றியுள்ள காற்றைவிட இலை குளிர்ந்துபோகும். அதனால்தான் 36 டிகிரி என்று போன் சொன்ன இரவிலும் காலையில் புல்லின் மேல் வெள்ளை பூத்திருக்கிறது. நட்சத்திரம் பளிச்சென்று தெரிகிற இரவு என்றால் சொன்னதைவிட நாலு டிகிரி குறைவாகவே நினைத்துக்கொள்ளுங்கள்.

தொட்டிக்கு இன்னும் மோசம். தரையில் நட்ட செடியின் வேரை மண் காப்பாற்றும். தொட்டியில் நாலு பக்கமும் குளிர் புகும். எனவே தேதி பார்க்க வேண்டாம். இரவு வெப்பநிலை தொடர்ந்து 50-ஐத் தொட ஆரம்பித்தால் கறிவேப்பிலை உள்ளே வரவேண்டும்.

ஆகஸ்ட் தாண்டி உரம் போடுவது

வேண்டாம். உரம் போட்டால் புதுத் தளிர் விடும். குளிருக்கு முதலில் கருகுவது அந்த இளந்தளிர்தான்.

போர்வையைச் செடியின் கழுத்தில் கட்டுவது

தொட்டி தூக்க முடியாத கனம், ஒரு இரவுதானே குளிர் என்றால் மூடி வைக்கலாம், தப்பில்லை. ஆனால் பலர் மூடுவது எப்படியென்றால், மேலே பெட்ஷீட்டைப் போட்டு, நடுத்தண்டில் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். நமக்குப் போர்வை உதவுவது நம் உடம்பில் சூடு இருப்பதால். செடிக்கு ஏது சூடு? பகலில் தரை வாங்கி வைத்த வெப்பத்தை இரவில் பிடித்து வைக்கத்தான் அந்தத் துணி. அது தரை வரை இறங்கி, ஓரத்தில் செங்கல் வைத்து மூடியிருக்க வேண்டும்.

டெக்கின் பலகை மேல் வைத்து மூடினால் அதுவும் வீண், அடியில் காற்று ஓடுகிறது. முடிந்தால் தொட்டியைக் கீழே இறக்கித் தெற்குச் சுவரை ஒட்டித் தரையில் வையுங்கள். பிளாஸ்டிக் ஷீட் இலையில் படக்கூடாது. பட்ட இடமெல்லாம் கருகும். காலையில் வெயில் வந்ததும் எடுத்துவிட வேண்டும். கிறிஸ்துமஸ் விளக்குச் சரத்தை உள்ளே சுற்றி வைப்பது நல்ல யோசனைதான், பழைய குண்டு பல்பு சரமாக இருந்தால். எல்ஈடி சரம் அழகுக்கு மட்டும்.

வாடியதைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றுவது

இன்னும் கோபம் வருகிறது என்றேனே, இதுதான் அந்தத் தவறு. குளிரில் செத்த கறிவேப்பிலையைவிட, குளிருக்குத் தப்பித்து வீட்டுக்குள் வந்து தண்ணீரில் செத்த கறிவேப்பிலையைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

நடப்பது இப்படி. ஓர் இரவு குளிரில் மாட்டிய செடியை அவசரமாக உள்ளே கொண்டுவருகிறோம். மறுநாள் இலை தொங்குகிறது. நமக்குத் தெரிந்தது ஒன்றுதான்: இலை தொங்கினால் தாகம். ஊற்றுகிறோம். மறுநாளும் தொங்குகிறது. இன்னும் ஊற்றுகிறோம். ஆனால் மண்ணில் தண்ணீர் ஏற்கெனவே இருக்கிறது, வேரால் அதை இழுக்க முடியவில்லை. குளிர்ந்த வேரின் சவ்வுகளில் தண்ணீர் நுழையும் வழிகள் முடங்கிவிடும். குளிர்ந்த தண்ணீருக்கே ஓட்டம் குறைவு. மேலே இலை மட்டும் வெயில் பட்ட ஜன்னலில் ஈரத்தை இழந்துகொண்டிருக்கும். அந்த வாட்டத்துக்கு மருந்து வேருக்குக் கொஞ்சம் கதகதப்பு. மேலே ஊற்றும் தண்ணீர் மண்ணில் இருந்த காற்றுத் துளைகளை அடைத்துவிடும். ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. ஆக, ஏற்கெனவே அடிபட்ட வேர் மூச்சுத் திணறி அழுகும். அழுகிய வேர் தண்ணீர் இழுக்காது, இலை இன்னும் தொங்கும், இன்னும் ஊற்றுவோம்.

இதோடு நிற்பதில்லை. உள்ளே வந்த கறிவேப்பிலை வெளிச்சம் குறைந்ததாலேயே இலைகளை உதிர்த்து, பல வீடுகளில் வெறும் குச்சியாகத் தூங்கப் போகும். இலையே இல்லாத செடி எவ்வளவு தண்ணீர் குடிக்கும்? கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. வெயில் காலத்தில் தினம் ஒரு சொம்பு கேட்ட அதே செடிக்கு ஜனவரியில் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் போதும்.

நியூ ஜெர்சியின் எடிசன் ஊரில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், இடுப்புயரம் வளர்ந்த செடி. சரியான நேரத்தில் உள்ளே எடுத்தார்கள், தெற்கு ஜன்னல், எல்லாம் சரி. அந்தச் சமயம் ஊரிலிருந்து அவர்களுடைய அம்மா வந்திருந்தார். இலை உதிர்வதைப் பார்த்து அவருக்கு மனசு கேட்கவில்லை. தினமும் காலையில் தண்ணீர். பிறகு புளித்த மோர் கரைத்து வேறு. நான் போனபோது மண்ணைச் சுற்றிச் சின்னக் கொசு மொய்த்தது. "இனிமே ஊத்தாதீங்கம்மா" என்றேன். "உயிர் உள்ள செடிக்குத் தண்ணி காட்டாம இருக்கலாமா?" என்றார். திருச்சி வெயிலில் அந்தக் கேள்வி முழுக்க நியாயம், மோரும் அங்கே நல்ல மருந்துதான். மூடிய வீட்டுக்குள், தூங்கும் செடிக்கு, அது அழுகலுக்குப் போடும் தீனி. பிப்ரவரியில் தொட்டியைக் கவிழ்த்தபோது வேரின் தோல் விரலோடு கழன்று வந்தது. வாடையைச் சொல்ல வேண்டாம். அவ்வளவு வருஷம் வளர்த்த செடி.

எனக்குக் கோபம் அந்த அம்மா மேல் இல்லை. "இலை வாடினால் உடனே நன்றாக நீர் விடவும்" என்று மாதம், இடம் எதுவும் சொல்லாமல் சீட்டு ஒட்டிச் செடி விற்கிறார்களே, அவர்கள் மேல்.

செய்ய வேண்டியது எளிது. விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விடுங்கள். ஈரம் தட்டினால் சொம்பைக் கீழே வையுங்கள். தொட்டியை லேசாகத் தூக்கிப் பார்த்துக் கனம் பழகிக்கொண்டால் விரல்கூட வேண்டாம். ஊற்றும் நாளிலும் குழாய்த் தண்ணீரை நேராக ஊற்றாமல், முதல் நாளே பிடித்து அறையில் வைத்து ஊற்றுங்கள். குளிர்காலக் குழாய்த் தண்ணீர் வேருக்கு மறுபடி ஒரு குளிர் இரவு. அடித்தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். குளிர்ந்த டைல் தரையில் நேராக வைக்காமல் ஒரு பலகை மேல் வையுங்கள்.

ஏற்கெனவே ஊற்றித் தீர்த்துவிட்டீர்களா? செடியை வெளியே எடுத்து, கறுத்து வழவழப்பான வேர்களை வெட்டி, மிச்சமிருக்கும் வேருக்கு ஏற்ற சின்னத் தொட்டியில், லேசான ஈரமுள்ள புது மண்கலவையில் வையுங்கள். பிழைக்கும் என்று சொல்ல மாட்டேன். சில பிழைத்திருக்கின்றன.

குச்சியைப் பார்த்துச் செத்தது என்று முடிவு கட்டுவது

நுனியிலிருந்து நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக இருந்தால் இன்னும் கீழே சுரண்டுங்கள். கருகிய கிளையை வெட்டவும் அவசரம் வேண்டாம், எங்கே துளிர்க்கிறது என்று ஏப்ரலில் தெரியும். அப்போது வெட்டுங்கள்.

ஹீட்டர் வென்ட் மேல் தொட்டி

வென்ட் துளையிலிருந்து வரும் சூடான காற்றில் இலை பொரிந்துவிடும்.

பூச்சியோடு உள்ளே வருவது

வெளியே பொறிவண்டும் மழையும் பார்த்துக்கொண்ட வேலையை வீட்டுக்குள் யாரும் பார்ப்பதில்லை. ஹீட்டர் ஓடும் வறண்ட காற்றில் சிலந்திப் பூச்சிக்குக் கொண்டாட்டம். உள்ளே எடுக்கும் முன் இலையின் அடிப்பக்கத்தை ஹோஸால் அடித்துக் கழுவி, தண்டில் செதில் பூச்சி ஒட்டியிருந்தால் துணியால் துடையுங்கள். மாவுப்பூச்சிக்குப் பூச்சிக்கொல்லிச் சோப்புக் கரைசல் போதும். ரோஜாவுக்கென்று விற்கும் இமிடாக்ளோபிரிட் என்ற பூச்சிமருந்துக் குருணையை மண்ணில் தூவவே கூடாது. அது வேர் வழியாக இலைக்கு ஏறும். அந்த இலையைத்தான் நாம் ரசத்தில் போடுகிறோம்.

எல்லாச் செடிக்கும் ஒரே வைத்தியம்

முருங்கைக்கு ஜன்னல் தேட வேண்டாம். இரண்டடி விட்டு வெட்டி, உறையாத கராஜில் ஒரு மூலையில் வைத்தால் போதும். தண்ணீர் அதிகமானால் கறிவேப்பிலைக்கு முன்னால் இதன் கிழங்கு வேர் அழுகும். மல்லிகை கொஞ்சம் திடம், 40-களில் ஓரிரு இரவு தாங்கும். வெற்றிலை தாங்காது, முதலில் உள்ளே வரவேண்டியது அதுதான். துளசியோடு மல்லுக்கட்டாமல் விதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

செத்தால் டெக்சாஸிலிருந்து கொண்டு வரலாம் என்பது

முடியாது. ஆரஞ்சு, எலுமிச்சைத் தோட்டங்களை அழிக்கும் கிரீனிங் நோயைப் பரப்பும் சைலிட் என்ற பூச்சிக்குக் கறிவேப்பிலை பிடித்தமான இடம். அந்தப் பூச்சி 1998-இலும் நோய் 2005-இலும் ஃப்ளோரிடாவில் தென்பட்டன. ஃப்ளோரிடா, டெக்சாஸ், கலிஃபோர்னியா போன்ற இடங்களின் தடைப் பகுதிகளிலிருந்து அனுமதியில்லாமல் செடியைக் காரில் போட்டுக்கொண்டு வருவது சட்டப்படி குற்றம். சித்தப்பா மகன் எவ்வளவு ஆசையாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஏப்ரல் வெயிலை நம்புவது

இங்கே அன்னையர் தினம், அதாவது மே மாத இரண்டாவது ஞாயிறு, தாண்டும் வரை வெளியே வைக்காதீர்கள். வைக்கும்போதும் முதல் வாரம் நிழலில். ஜன்னல் வெளிச்சத்தில் வளர்ந்த தளிர் நேர் வெயிலில் ஒரே நாளில் வெளுத்துவிடும்.