மாஸ்டர் பாத்ரூமை மாத்திக் கட்டப் போறீங்களா? முதல்ல டக்ட் எந்தப் பக்கம்னு பாருங்க

பெங்களூர்ல பாத்ரூம் வேலைக்கு என்னைக் கூப்பிடுறவங்க, பெரும்பாலும் சித்தையா ரோட்டுக்குப் போய் டைல்ஸ் பார்த்து முடிச்சுட்டுத்தான் கூப்பிடுவாங்க. மோர்பியிலிருந்து வந்த ரெண்டடிக்கு நாலடி டைல், ஃபோன்ல படம் ரெடியா இருக்கும். "மேஸ்திரி, இது எப்படி?" நல்லாத்தான் இருக்கும். ஆனா டைல் கடைசி வேலை. நான் முதல்ல கேட்கிறது, உங்க டக்ட், அதாவது பைப்பெல்லாம் மேலேர்ந்து கீழே இறங்குற சந்து, எந்தப் பக்கம்?

வாஷ்பேசினையும் ஷவரையும் ஓரளவு இஷ்டப்படி நகர்த்தலாம். கமோடு அப்படி இல்லை. அதுலேர்ந்து போற 110 எம்.எம். பைப்புக்கு டக்ட் வரைக்கும் வாட்டம் கொடுக்கணும். அறுபதுக்கு ஒண்ணுன்னு வெச்சாக்கூட, நாலடி தள்ளினா 20 எம்.எம். இறக்கம். பைப்போட தடிமன், மேல கான்கிரீட், அதுக்கு மேல டைல்னு கூட்டிப் பாருங்க. சங்கன் ஸ்லாப், அதாவது பாத்ரூமுக்கு மட்டும் இறக்கிப் போட்ட தளம், இருந்தா இதெல்லாம் உள்ளேயே அடங்கிடும். இல்லாட்டி ஒண்ணு தரையை ஒரு படி உசத்தணும், இல்லை பைப்பைக் கீழ் வீட்டுக் கூரையில தொங்கவிடணும். கீழ் வீட்டுக்காரரும் அசோசியேஷனும் ஒத்துக்கிட்டா சரி. நான் பெரும்பாலும் கமோடு இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்னுதான் சொல்லுவேன்.

புது கமோடு வாங்குறதுக்கு முன்னாடி பழசு எந்த மாதிரின்னு பாருங்க. கழிவு சுவருக்குள்ள போனா பி-டிராப், தரைக்குள்ள போனா எஸ்-டிராப். எஸ்-டிராப்னா டைல் ஒட்டின சுவர்லேர்ந்து ஓட்டையோட நடு வரைக்கும் அளக்கணும். பொதுவா 9 இன்ச் இல்லை 12 இன்ச் வரும். இந்த ஒரு அளவை எழுதிக்கிட்டுக் கடைக்குப் போனா, வாங்கினதைத் திருப்பிக் கொடுக்க அலைய வேண்டாம்.

இப்போ இடத்தைப் பிரிக்கலாம். இங்கே அப்பார்ட்மென்ட்ல நான் அதிகம் பார்க்கிறது எட்டடிக்கு அஞ்சடி ரூம். அஞ்சடிச் சுவர்ல கதவு, எதிர்ச் சுவர்ல வென்டிலேட்டர். எட்டடின்னா 96 இன்ச். கதவுப் பக்கம் வாஷ்பேசினுக்கு 30, நடுவுல கமோடுக்கு 30, வென்டிலேட்டர் ஓரம் குளிக்க 36. கணக்கு அப்படியே முடிஞ்சுடும். கமோடோட நடுக்கோட்டுலேர்ந்து ரெண்டு பக்கமும் 15 இன்ச்சாவது இருக்கணும், இல்லாட்டி உட்கார்ந்தா முழங்கை இடிக்கும். முன்னாடி 24 இன்ச் காலி. தரையில நிக்கிற ஒன்-பீஸ் கமோடு சுவர்லேர்ந்து 27, 28 இன்ச் வெளியே வரும். அஞ்சடி அகலத்துல அது போக 32 இன்ச் மிச்சம், தாராளம். வால்-ஹங், அதாவது சுவர்லேர்ந்து தொங்குற கமோடு போட்டா கொஞ்சம் கூட இடம் கிடைக்கும்னு நினைப்பாங்க. ஆனா சிஸ்டர்ன் (ஃப்ளஷ் தண்ணித் தொட்டி) மறையணும்னா நாலரை இன்ச் சுவரைக் குடைய முடியாது, முன்னாடி ஒரு அரைச்சுவர் கட்டணும். மிச்சம் பிடிச்ச இடம் அதுக்கே போயிடும். சோப்பு, ஷாம்பு வைக்க ஒரு திண்டு கிடைக்கும், அது ஒண்ணுதான் லாபம்.

இந்த அளவெல்லாம் டைல் ஒட்டின பிறகு நிக்கிற அளவு. வெறும் செங்கல் சுவர்ல அளந்தீங்கன்னா, பூச்சும் டைலும் சேர்ந்து பக்கத்துக்கு ஒரு இன்ச்சுக்கு மேல சாப்பிடும். மூலைக்கு மூலை டேப் பிடிச்சும் பாருங்க. ரெண்டு அளவும் ஒண்ணா இல்லைன்னா ரூம் கோணல், பெரிய டைல் போட்டா ஓரத்துல கிழிச்ச பேப்பர் மாதிரி தெரியும்.

அப்புறம் சாக்பீஸ் எடுங்க. தரையில பேசின், கமோடு, குளிக்கிற இடம் மூணையும் நிஜ அளவுல வரையுங்க. கமோடு வரைஞ்ச இடத்துல பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு வீட்டுல உயரமானவரை உட்கார வைங்க. முட்டி பேசின்ல இடிக்குதா? வலது கை ஹெல்த் ஃபாசெட்டுக்கு (கழுவுற கைக்குழாய்க்கு) எட்டுதா? கதவைத் திறந்து மூடுங்க. உள்பக்கம் திறக்கிற கதவு பேசின் கோட்டைத் தொட்டா, பேசினை மாத்துறதை விடக் கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாத்துறது சுலபம். வீட்டுல பெரியவங்க இருந்தா எப்படியும் வெளிப்பக்கம்தான் நல்லது. உள்ளே யாராவது வழுக்கி விழுந்து கதவை அடைச்சுக்கிட்டா திறக்க முடியணும். ஏற்பாடெல்லாம் முடிஞ்சதும் அதே கோட்டைச் சுவர்லயும் போடுங்க. இங்கே பிளம்பர்கள்ல நிறைய பேர் ஒடிசாவுல கேந்திரபாரா பக்கத்துக்காரங்க. தமிழ், கன்னடம், இந்தி மூணையும் கலந்து பேசுறதை விட, சுவர்ல ஒரு கோடு சீக்கிரம் புரியும்.

குளிக்கிற இடத்துக்குத்தான் நான் வீட்டுக்காரங்களோட ரொம்ப நேரம் வாதாடுவேன். எல்லாருக்கும் ஹோட்டல் மாதிரி கண்ணாடிக் கூண்டு வேணும். மூணடிக்கு மூணடிக் கூண்டுக்குள்ள நின்னுக்கிட்டு ஷவர்ல குளிக்கலாம். பக்கெட்டும் வெச்சு, ஸ்டூலும் போட்டு, தீபாவளிக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சுப் பாருங்க! கூண்டுக்குப் பதிலா ரெண்டரையடி அகலத்துல திறக்காத ஒரே கண்ணாடி போதும், கமோடு பக்கம் தண்ணி தெறிக்காது. போர்வெல் தண்ணின்னா கண்ணாடியில வெள்ளையா உப்புப் படியும். துடைக்கிறது யாருன்னு வீட்டுல முன்னாடியே பேசிக்கோங்க.

பக்கெட் குழாயை விட்டுடாதீங்க. வாய் தரையிலிருந்து ரெண்டடி உயரம், டைவர்ட்டர் (தண்ணியைக் குழாய்க்கோ ஷவருக்கோ திருப்புற திருகு) மூணரை, நாலடி, ஷவர் ஏழடி. மொட்டை மாடியில சோலார் இருந்தா, சூடு வர்ற வரைக்கும் பைப்புல நின்ன பச்சைத் தண்ணி வரும். 100 கிலோமீட்டர் தாண்டி காவிரியிலிருந்து பம்ப் பண்ணி வர்ற தண்ணியைச் சாக்கடையில விடாம அந்த பக்கெட்ல பிடிக்கலாம். பெரிய ரெயின் ஷவர் ஆசை இருந்தா பிரஷரையும் கணக்குப் போடுங்க. டேங்க்குக்கும் ஷவருக்கும் 10 மீட்டர் உயரம் இருந்தாத்தான் ஒரு பார் பிரஷர். மேல் மாடி வீட்டுல மூணு மீட்டர் இருந்தாலே அதிகம், பிரஷர் பம்ப் இல்லாம சொட்டுத்தான்.

நஹானி டிராப், அதாவது தரைத் தண்ணி வடியுற ஓட்டை, கால் வைக்கிற நடுவுல வேண்டாம், குளிக்கிற இடத்தோட மூலையில வைங்க. எண்பதுக்கு ஒண்ணு வாட்டம், அதாவது நாலடிக்கு 15 எம்.எம். பெரிய டைல் போட்டா இந்த வாட்டம் சரியா வராது. தரைக்கு ஒரு அடி ஆன்டி-ஸ்கிட் டைலே சரி. குளிக்கிற இடத்தை அரை இன்ச் இறக்கிடுங்க.

கரன்ட்டு வேலை: கீசருக்கு 16 ஆம்ப் பாயின்ட், சுவிட்ச் ரூமுக்கு வெளியே, கரன்ட்டு கசிஞ்சா உடனே துண்டிக்கிற 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. கட்டாயம். முகம் பார்க்கிற கண்ணாடிக்கான விளக்கு முகத்துக்கு முன்னாடி வரணும், தலைக்குப் பின்னாடி இல்லை. வாஸ்து பார்க்கிறவங்க வடகிழக்குல கமோடு கூடாதும்பாங்க. பில்டர் டக்ட்டை அங்கேயே வெச்சிருந்தா நான் என்ன பண்ண?

பைப் வேலை, வாட்டர்புரூஃபிங் முடிஞ்சதும் தரையில தண்ணி கட்டி 48 மணி நேரம் விடுங்க, கீழ் வீட்டுக் கூரையில ஈரம் வருதான்னு பாருங்க. பூச்சு பூசுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு சுவர்லயும் டேப்பை நீட்டிப் பிடிச்சு, பைப் தெரியுற மாதிரி ஃபோட்டோ எடுங்க. பிற்பாடு டவல் ராடுக்கு டிரில் போட வர்ற பையன்கிட்ட அதைக் காட்டிட்டு அப்புறம் ஓட்டை போடச் சொல்லுங்க.