நம் நாட்டு ஸ்பேனர், பிளேயர் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்

கடையில் போய் பிளேயர் கேட்டால் முதலில் நம் வாயில் வருவது பிராண்டு பெயர்தான். அதில் தப்பில்லை, ஆனால் பெயரைப் பொறிப்பது இன்றைக்கு மிகச் சுலபமான வேலை. இரும்பில் இருக்கும் வேலைப்பாட்டைப் போலியாகச் செய்வது அவ்வளவு சுலபமில்லை. அதனால் முதலில் கருவியைப் பாருங்கள், அப்புறம் கவர், கடைசியில் பெயர்.

ஒரு 12-13 ஸ்பேனரை, அதாவது ஒரு முனையில் 12 மி.மீ., மறுமுனையில் 13 மி.மீ. வாய் உள்ளதை, கையில் எடுங்கள். நல்லது என்றால் பழுக்கக் காய்ச்சிய இரும்பை அச்சில் வைத்து அடித்துச் செய்திருப்பார்கள்: தண்டு மெலிந்திருக்கும், வாய்ப் பக்கம் தடித்திருக்கும், மேல் அச்சும் கீழ் அச்சும் சேர்ந்த இடத்தில் பிசிறு வெட்டித் தேய்த்த மெல்லிய கோடு ஓரமாக ஓடும். தகட்டிலிருந்து வெட்டியது என்றால் தலை முதல் வால் வரை ஒரே கனம், ஓரம் விரலை உறுத்தும். அப்புறம் ஒரு காரியம் செய்யுங்கள், போகும்போதே புது எம்8 (8 மி.மீ. மரை) போல்ட் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். அதன் தலை 13 மி.மீ. ஸ்பேனரின் 13 வாயை மாட்டினால் முட்டாமல் நுழைய வேண்டும், நுழைந்தபின் லொடலொடவென்று ஆடக்கூடாது.

இதை நான் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். துருப்பிடித்த நட்டு ஒன்றைக் கழற்றும்போது ஸ்பேனரின் வாய் விரிந்து, நட்டின் மூலை மழுங்கி, கை நழுவி விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்துவிட்டது. அந்த ஸ்பேனரிலும் 'குரோம் வனேடியம்' என்று உறுதியான எஃகுக் கலவையின் பெயரை அழகாகப் பொறித்திருந்தது. அந்த எழுத்தை மட்டும் நம்பாதீர்கள், நல்ல இரும்பாகவே இருந்தாலும் சரியாக டெம்பர் வைக்காவிட்டால், அதாவது காய்ச்சிக் குளிரவைத்துப் பதமாக்காவிட்டால், அது வேலைக்கு ஆகாது.

பிளேயரில் பார்க்க இன்னும் நிறைய இருக்கிறது. மூடி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். வெட்டும் வாயில் வெளிச்சம் கசியக்கூடாது, மூக்கு நுனி இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தி நிற்க வேண்டும். பிறகு கடையில் கிடக்கும் பில் தாளை வெட்டிப் பாருங்கள், சுத்தமாக அறுபட்டால் வாய் சரியாகச் சேர்கிறது என்று அர்த்தம், மடங்கி நடுவில் மாட்டிக்கொண்டால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். இரண்டு பாதியையும் இணைக்கும் ரிவெட் பக்கவாட்டில் ஆடக்கூடாது, அதற்காகத் திறக்கவே முடியாத அளவு இறுக்கமாகவும் இருக்கக்கூடாது. வீட்டுக்கு வந்தபின் வெட்டும் வாயின் ஓரத்தில் ஒரு நல்ல அரத்தை லேசாக இழுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் நன்றாகக் கடினமேற்றியிருக்கிறார்கள், கடித்துத் தூள் உதிர்ந்தால் நாலு கம்பி வெட்டுவதற்குள் வாயில் பள்ளம் விழும்.

கரண்ட் வேலைக்கு வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள்: கைப்பிடியில் பிளாஸ்டிக் உறை இருந்தால் மட்டும் அது ஷாக்கைத் தடுக்கும் கருவி ஆகிவிடாது. இரட்டை முக்கோணக் குறியும் 1000 வி (வோல்ட்) என்ற எழுத்தும் கைப்பிடியிலேயே இருக்க வேண்டும். அது இல்லாத உறை பிடிமானத்துக்காகப் போட்டது, அவ்வளவுதான்.

சரி, எங்கே செய்தது? நம் நாட்டில் ஜலந்தர், லூதியானா, ராஜஸ்தானின் நாகௌர் எல்லாம் கைக்கருவிக்குப் பேர்போன ஊர்கள். ஜலந்தரில் கைக்கருவிகளுக்கென்றே மத்திய அரசு நிறுவனம் ஒன்றும் இருக்கிறது. அங்கே அடித்த ஸ்பேனர் வெளிநாட்டு பிராண்டு பெயரோடு கப்பல் ஏறுவதும் உண்டு, வெளிநாட்டில் செய்த பிளேயர் இந்தியப் பெயரோடு நம் கடைக்கு வருவதும் உண்டு. அதனால் பிராண்டை வைத்துப் பிறந்த ஊரைச் சொல்ல முடியாது.

கவரைத் திருப்பிச் சின்ன எழுத்தைப் படியுங்கள். 2011-ஆம் ஆண்டு பொட்டலப் பொருள் விதிகளின்படி தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும் அதில் இருக்க வேண்டும், இறக்குமதி என்றால் எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதும். 'மார்க்கெட்டட் பை' என்று மட்டும் போட்டிருந்தால் அவர் விற்பவர், செய்தவர் யார் என்று இன்னும் தேடுங்கள். பார்கோடு 890-இல் தொடங்கினால் இந்தியச் சரக்கு என்று பலர் நம்புகிறார்கள், அது தவறு. அந்த எண்ணை வாங்கிய கம்பெனி இந்தியாவில் பதிந்திருக்கிறது என்பதைத்தான் அது காட்டும்.

ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் மேலே தர எண்ணைப் பாருங்கள், பிளேயருக்கு ஐ.எஸ். 3650, சுத்தியலுக்கு ஐ.எஸ். 841. கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கும், அதை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் யாருக்குக் கொடுத்த உரிமம், எந்தப் பொருளுக்கு, இப்போதும் செல்லுபடியாகிறதா என்று காட்டிவிடும். கடையில் நின்றபடியே ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

கொல்லர் பட்டறையில் வாங்கும் அரிவாளுக்கும் மண்வெட்டிக்கும் கவரும் இல்லை, முத்திரையும் இல்லை. அங்கே 'இது என்ன இரும்பு அண்ணே?' என்று நேராகக் கேட்டுவிடுங்கள். அரிவாளுக்கு லாரி ஸ்பிரிங் பட்டை என்றால் நல்ல இரும்புதான். வாய்ப் பக்கம் அரத்துக்கு எதிர்த்து நிற்க வேண்டும், முதுகுப் பக்கம் அரம் இறங்க வேண்டும், முழுக்கக் கடினமாக இருந்தால் கட்டையில் போடும்போது உடையும். வாய் மடங்கினால் திரும்ப வாங்கி டெம்பர் வைத்துத் தருவாரா என்பதையும் காசு கொடுப்பதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.