வீடு கட்ட அனுமதி: திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணத்தில் மனுப் போடும் முன் செய்ய வேண்டியவை

வீட்டு அனுமதி மனு திரும்பி வந்தால் எல்லோரும் முதலில் இன்ஜினியரைத்தான் கோபித்துக்கொள்கிறார்கள். ஆனால் டெல்டாவில் வரைபடத்தால் நிற்கும் மனுக்களைவிட நில ஆவணத்தால் நிற்பவையே அதிகம். பத்திரத்தில் ஒரு அளவு, பட்டாவில் ஒரு அளவு, தரையில் வேறொரு அளவு. இந்த மூன்றும் பொருந்தாமல் வரைபடம் போட்டால், போட்ட காசு வீண். ஆகவே வரிசையை மாற்றுங்கள்: முதலில் நிலம், பிறகு வரைபடம், கடைசியில் கணினி.

ஆடியில் எப்படியும் யாரும் வீட்டு வேலையைத் தொடங்குவதில்லை. அந்த மாதத்தைத் தாலுகா ஆபீசுக்கும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் ஒதுக்கினால் ஆவணி முகூர்த்தத்துக்குப் பதறாமல் இருக்கலாம்.

அளவு ஒத்துப்போகிறதா?

இந்தப் பக்கத்துப் பழைய பத்திரங்கள் குழிக் கணக்கில் இருக்கும். தஞ்சாவூர்க் கணக்கில் 1 குழி 144 சதுர அடி. 100 குழி 1 மா. 20 மா 1 வேலி. டவுன் சர்வே பதிவேடோ சதுர மீட்டரில் பேசும். 1 சதுர மீட்டர் 10.764 சதுர அடி.

ஒரு மனையை வைத்துப் பார்ப்போம். தாய்ப் பத்திரத்தில் 17 குழி, அதாவது 2,448 சதுர அடி. டவுன் சர்வே நகலில் 226 சதுர மீட்டர், அதாவது 2,433 சதுர அடி. டேப் பிடித்து அளந்தால் முன்புறம் 30 அடி, ஆழம் 80 அடி, ஆக 2,400. வரைபடம் எதற்குப் போடுவது? மூன்றில் சிறியதற்கு. 48 சதுர அடியை அனுமதி மனுவில் மீட்க முடியாது. பக்கத்து வீட்டுச் சுவர் உள்ளே வந்திருந்தால், சர்வேயரை வைத்து அளந்து காட்டக் கட்டணம் கட்டித் தனியாக மனுக் கொடுங்கள்.

அளக்கும்போது நான்கு பக்கத்தோடு நிறுத்தாதீர்கள், இரண்டு மூலைவிட்டத்தையும் அளங்கள். 30க்கு 80 சரியான செவ்வகமென்றால் இரண்டும் 85 அடி 5 அங்குலம் வரும். ஒன்று 86 அடி, இன்னொன்று 85 அடிக்கும் குறைவு என்றால் மனை கோணல். கோணலான மனையைச் செவ்வகமாக வரைந்துவிட்டால், கட்டும்போது ஒரு மூலையில் பக்க இடைவெளி குறையும். பழைய அக்ரகாரத் தெருக்களிலும் கடைத்தெரு மனைகளிலும் இது சர்வ சாதாரணம்.

பத்திரத்தில் பழைய சர்வே எண் இருக்கும். நகர எல்லைக்குள் இப்போது வார்டு, பிளாக், டி.எஸ். எண் (டவுன் சர்வே எண்) என்று மாறியிருக்கும். இரண்டும் ஒரே நிலம்தான் என்பதற்கு ஒப்பீட்டுச் சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இது இல்லாமல் போன மனு விளக்கம் கேட்டுத் திரும்பும்.

யார் பெயரில் இருக்கிறது?

பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் வாரிசுச் சான்றோடு பெயர் மாற்றம் முடித்துவிட்டு வாருங்கள். கூட்டுப் பட்டா என்றால் உட்பிரிவு செய்து தனிப்பட்டா ஆக்குவதுதான் நல்லது. அண்ணன் தம்பி ஒற்றுமையாக இருக்கும்போதே இதை முடித்துக்கொள்ளுங்கள்.

டெல்டாவுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு: அடிமனை. ஸ்ரீரங்கத்திலும் கும்பகோணத்திலும் வீடு உங்களுடையதாக இருக்கலாம், அடிநிலம் கோயிலுடையதாகவோ மடத்துடையதாகவோ இருக்கலாம். கையில் கிரயப் பத்திரம் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது, அது கட்டடத்துக்கு மட்டும் எழுதியதாக இருக்கக்கூடும். சொத்து விவரப் பகுதியை வரிவரியாகப் படியுங்கள். பதிவேட்டில் உரிமையாளர் கட்டத்தில் தேவஸ்தானம் என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் நிர்வாகத்தின் தடையின்மைச் சான்று இல்லாமல் இடிக்கவும் வேண்டாம், கட்டவும் வேண்டாம். பழைய வீட்டை இடித்துவிட்டு அப்புறம் சான்றுக்கு அலைவது மிகப் பெரிய வேதனை. குடியிருக்கவும் வீடு இருக்காது.

மனைப்பிரிவு அங்கீகாரம் இல்லாததென்றால் முதலில் வரன்முறை, அதாவது மனையை முறைப்படுத்தி வாங்குவது. 2017இல் வந்த விதிகளின்படி 2016 அக்டோபர் 20க்கு முன் பதிவான மனைகளுக்குத்தான் அந்த வழி. வரன்முறை உத்தரவு கையில் வந்த பிறகே கட்டட மனு.

நஞ்சை என்று பதிவாகியிருந்தால் நில உபயோக மாற்றம் தேவைப்படும். இங்கே ஒரு பயம் பரவியிருக்கிறது: 2020ஆம் ஆண்டு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தால் வீடே கட்ட முடியாது என்று. அந்தச் சட்டம் தடுப்பது எண்ணெய், எரிவாயு எடுப்பது, தோல் பதனிடுவது, உலோகம் உருக்குவது போன்ற தொழில்களை. வீட்டை அல்ல. மனை வாய்க்காலை ஒட்டியிருந்தால் நீர்வளத் துறையின் சான்று கேட்பார்கள். வாய்க்கால் புறம்போக்கின் எல்லையை வரைபடத்தில் மறைக்காமல் காட்டுங்கள்.

தஞ்சைப் பெரிய கோயிலுக்கோ தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலுக்கோ பக்கத்தில் மனை இருக்கிறதா? பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டுமானத்துக்குத் தடை. அதைத் தாண்டி மேலும் 200 மீட்டர் வரை, தேசிய நினைவுச் சின்னங்கள் ஆணையத்தின் வழியாக அனுமதி பெற்றுத்தான் கட்ட முடியும். தூரத்தைக் கோபுரத்திலிருந்து அளக்காதீர்கள், பாதுகாக்கப்பட்ட இடத்தின் எல்லையிலிருந்து அளங்கள். இந்த வித்தியாசத்தில் ஏமாந்து மனை வாங்கியவர்கள் உண்டு.

எந்த வழியில் மனுப் போடுவது?

2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடிக்கு மிகாத மனை, 3,500 சதுர அடிக்கு மிகாத கட்டடம், தரைத்தளமும் மேலே ஒரு தளமும், உயரம் 7 மீட்டர். இதற்குள் அடங்கும் குடியிருப்புக்கு ஒற்றைச் சாளர இணையதளத்தில் பணம் கட்டியதும் அனுமதி கிடைத்துவிடும். கட்டிமுடித்த பின் பணிநிறைவுச் சான்றும் வேண்டாம். மேலே சொன்ன 17 குழி மனை இதற்குள் அழகாக அடங்கும்.

ஆனால் உயரத்தில் கவனம். மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் நிற்கும் ஊர் என்பதால் இங்கே அடித்தளத்தை 3 அடி தூக்குகிறோம். தளத்துக்குத் தளம் பத்தரை அடி வைத்தால் 3 + 10½ + 10½ = 24 அடி, அதாவது சுமார் 7.3 மீட்டர். எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். தளத்துக்கு 10 அடி வைத்தாலும் 23 அடி, அதாவது 7.01 மீட்டர்; மயிரிழையில் எல்லையைத் தாண்டும், மேஸ்திரி ஒரு அங்குலம் கூட்டினால் இன்னும் மோசம். 9 அடி 9 அங்குலம் வைத்து வரைவது உத்தமம். அடித்தளத்தைக் குறைக்க மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் நீங்கள்தானே அங்கே குடியிருக்கப் போகிறீர்கள்.

உடனே கிடைக்கிறது என்பதால் பின்னால் யாரும் சரிபார்க்கமாட்டார்கள் என்று பொருளல்ல. நீங்கள் கொடுக்கும் உறுதிமொழிதான் அனுமதிக்கு அடிப்படை. தகவல் தவறென்று பின்னால் தெரிந்தால் அனுமதி செல்லாது. ஆகவே அடிமனை, நஞ்சை, தொல்லியல் எல்லை போன்ற சந்தேகம் இருந்தால் வழக்கமான பரிசீலனை வழியிலேயே போங்கள். அதில் பரிசீலனைக் கட்டணம், உரிமக் கட்டணம், வளர்ச்சிக் கட்டணம் ஆகியவற்றோடு, கட்டுமானச் செலவில் 1 சதவீதம் தொழிலாளர் நல நிதியும் வரும்.

கணினியில் ஏற்றும்போது

கிரயப் பத்திரம், தாய்ப் பத்திரம், பட்டா அல்லது டவுன் சர்வே நகல், புலப்படம் (நிலத்தின் எல்லையும் அளவும் காட்டும் சர்வே வரைபடம்), இன்றைய தேதி வரைக்குமான வில்லங்கச் சான்று, காலிமனை வரி ரசீது, மனையின் புகைப்படம், பதிவுபெற்ற பொறியாளரின் வரைபடம். பத்திரத்தை எல்லாப் பக்கமும் ஸ்கேன் செய்யுங்கள். விட்டுப்போவது எப்போதும் சொத்து விவரம் இருக்கும் கடைசிப் பக்கம்தான். புகைப்படத்தில் மனையோடு தெருவும் தெரிய வேண்டும். வரி பாக்கியை முன்பே கட்டிவிடுங்கள்.

கைபேசி எண் உங்களுடையதாக இருக்கட்டும். இன்ஜினியர் தம் எண்ணைக் கொடுத்துவிட்டால், விளக்கம் கேட்டு வரும் செய்தி உங்களுக்கு வரவே வராது. மனு தூங்கும், நீங்கள் ஆபீசைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

வரைபடத்தில் மழைநீர் சேகரிப்பு, கழிவுநீர்த் தொட்டி அல்லது பாதாளச் சாக்கடை இணைப்பு, கிணறு, முன்புற இடைவெளி, பக்க இடைவெளிகள் எல்லாம் அளவோடு இருக்க வேண்டும். முன்புறம் எவ்வளவு விட வேண்டும் என்பது தெருவின் அகலத்தைப் பொறுத்தது. தெரு அகலத்தை உங்கள் மனைக்கு எதிரே நேராக அளந்து எழுதுங்கள். தெருமுனையில் அளந்ததை எழுதாதீர்கள்.

அனுமதி வந்த பிறகு

கடைக்கால் தோண்டும் அன்று அனுமதி பெற்ற வரைபடத்தின் நகலோடு மனையில் நில்லுங்கள். எல்லையிலிருந்து இடைவெளியை அளந்து முளை அடித்து நூல் கட்டிய பிறகுதான் மண்வெட்டி இறங்க வேண்டும். மேஸ்திரிகள் நூலைத் தூணின் மையத்துக்குப் பிடிப்பார்கள்; இடைவெளியோ சுவரின் வெளிமுகத்திலிருந்து கணக்கு. 9 அங்குலச் சுவரென்றால் நாலரை அங்குலம் இங்கேயே போய்விடும். கணக்கில் அதையும் சேர்த்து நூலை உள்ளே தள்ளிக் கட்டச் சொல்லுங்கள். வங்கிக் கடன் வாங்குகிறவர்கள் அந்த நகலிலேயே இன்னொரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு தவணைக்கும் வங்கிப் பொறியாளர் அதைத்தான் கேட்பார். வீடு முடிந்ததும் காலிமனை வரியைச் சொத்து வரியாக மாற்ற மாநகராட்சியில் மனுக் கொடுங்கள். அதற்கும் இதே அனுமதி எண்தான் வேண்டும்.