2 லட்சத்துக்குள் முதல் கார்: கல்லூரி மாணவர்கள் பழைய வண்டி பார்த்து வாங்கும் முறை

என் சித்தி மகன் கோவையில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். வீட்டிலிருந்து கல்லூரி 14 கிலோமீட்டர், இரண்டு பஸ் மாற வேண்டும், இன்டர்ன்ஷிப் ஆரம்பித்த பிறகு இரவு பத்து மணிக்கு மேல்தான் வீடு திரும்புகிறான். பைக் வேண்டவே வேண்டாம் என்று சித்தி பிடிவாதமாக இருக்கிறார். “அண்ணா, ரெண்டு லட்சத்துக்குள்ள ஒரு கார் பாத்துக் குடுங்க” என்று போனில் கேட்டான். நான்கு ஞாயிற்றுக்கிழமை அலைந்து ஒன்பது வண்டி பார்த்து, ஒன்பதாவதை வாங்கினோம். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன், கார் பற்றி ஒன்றும் தெரியாதவர்களும் இதை வைத்துக்கொண்டு போய்ப் பார்க்கலாம். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மறக்க வேண்டாம்: மாடலைப் பார்த்து வாங்காதீர்கள், வண்டியைப் பார்த்து வாங்குங்கள். ஒரே மாடல், ஒரே வருஷம், ஒரே நிறத்தில் இரண்டு கார் நிற்கும், ஒன்று ஐந்து வருஷம் தொந்தரவில்லாமல் ஓடும், இன்னொன்று முதல் மாதமே மெக்கானிக் ஷெட்டில் கிடக்கும்.

படி 1: முதலில் பணத்தைப் பிரித்து வையுங்கள்

கையில் 2 லட்சம் இருந்தால் 2 லட்சத்துக்கு வண்டி பார்க்கக் கூடாது. ஒன்றரை லட்சத்துக்குப் பாருங்கள், மீதி 50,000 அப்படியே இருக்கட்டும். பெயர் மாற்றம், இன்சூரன்ஸ், முதல் சர்வீஸ் எல்லாம் அதிலிருந்துதான் போகும். நான்கு டயர் மாற்றினாலே பத்தாயிரத்தைத் தாண்டிவிடும், பேட்டரி வேறு நான்காயிரம் ஒட்டி வரும். கடைசி ரூபாய் வரைக்கும் வண்டியில் போட்டுவிட்டு, பிரேக் பேட் மாற்றக் காசில்லாமல் ஓட்டுகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், அது ஆபத்து.

மாதச் செலவையும் எழுதிப் பாருங்கள். தம்பிக்கு ஒரு நாளைக்கு 28 கிலோமீட்டர், மாதம் 24 நாள், மொத்தம் 672. ஊருக்குள் சின்ன பெட்ரோல் கார் லிட்டருக்கு 16 கொடுத்தால் 42 லிட்டர், லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் 4,200. அதே தெருப் பக்கம் இருந்து வரும் இரண்டு நண்பர்கள் பங்கு போட்டுக்கொள்வதால்தான் அவனுக்கு இது கட்டுப்படியாகிறது. மூன்றாம் நபர் இன்சூரன்ஸ், அதாவது உங்கள் வண்டியால் மற்றவர்களுக்கு ஆகும் சேதத்துக்கான காப்பீடு, சட்டப்படி கட்டாயம். 2022 ஜூனில் நிர்ணயித்த கட்டணப்படி 1000 சி.சி.க்குள் வருஷத்துக்கு 2,094 ரூபாய், 1000 முதல் 1500 சி.சி. வரை 3,416, வரி தனி. சின்ன என்ஜின் என்றால் இங்கேயே கொஞ்சம் மிச்சம்.

படி 2: எந்த மாதிரி வண்டி

உங்கள் தெரு முனையில் இருக்கும் மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டக்கூடிய வண்டியாகப் பாருங்கள். நம் ஊரில் அது மாருதி ஆல்டோ, வேகன் ஆர், ஹூண்டாய் சான்ட்ரோ, ஐ10. உதிரி பாகம் எந்தச் சின்ன ஊரிலும் கிடைக்கும், திரும்ப விற்கப்போனாலும் ஆள் கிடைக்கும். டீசல் வேண்டாம். தினமும் 28 கிலோமீட்டர் ஓட்டுகிறவர்களுக்கு டீசலில் மிச்சமாகும் காசை, இன்ஜெக்டரோ டர்போவோ ஒரு தடவை பழுதானால் மொத்தமாகப் பிடுங்கிக்கொள்ளும். விலை குறைவாக இருக்கிறதே என்று செவ்ரோலெட் பக்கம் போகிறவர்களும் யோசிக்க வேண்டும், அந்தக் கம்பெனி 2017 முடிவோடு இந்தியாவில் விற்பனையை நிறுத்திவிட்டது, ஒரு சின்ன சென்சாருக்காக நாலு கடை ஏறி இறங்க உங்களுக்கு நேரம் இருக்காது.

என்ஜினில் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைப்பது டைமிங் பெல்ட்டா, செயினா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆல்டோ 800, பழைய சான்ட்ரோ, 1.1 லிட்டர் ஐ10 எல்லாம் பெல்ட். ஆல்டோ கே10, 1.2 லிட்டர் ஐ10 செயின். பெல்ட் வண்டி என்றால் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்பதற்கு பில் கேளுங்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட் அறுந்தால் வண்டி நடுரோட்டில் நின்றுவிடும், பல என்ஜின்களில் வால்வும் வளைந்துபோகும்.

பாதுகாப்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2014இல் கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பை அளக்கும் குளோபல் என்கேப் அமைப்பின் சோதனையில் காற்றுப்பை இல்லாத ஆல்டோ 800 பூஜ்யம் ஸ்டார்தான் வாங்கியது. 2019 ஏப்ரல் முதல் புதிதாக விற்கும் கார்களில் ஏபிஎஸ் (பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) கட்டாயம், அதே வருஷம் ஜூலை முதல் ஓட்டுநருக்குக் காற்றுப்பையும் கட்டாயம். அதனால் இன்னும் முப்பது, நாற்பதாயிரம் புரட்ட முடிந்தால் 2019 ஜூலைக்குப் பிறகு தயாரான வண்டிக்குப் போங்கள், மியூசிக் சிஸ்டம், அலாய் வீல் எதுவும் வேண்டாம். அதற்கும் முந்தைய வண்டிதான் முடியும் என்றால், அதே மாடலில் காற்றுப்பையோடு வந்த வேரியன்ட் கிடைக்கிறதா என்று தேடுங்கள்.

படி 3: நேரில் போகும் முன் எண்ணைக் கேளுங்கள்

விற்பவர் புரோக்கராக இருந்தாலும், ஆட்டோ கன்சல்டிங் கடையாக இருந்தாலும், சொந்தக்காரராக இருந்தாலும் முதலில் பதிவு எண்ணைக் கேளுங்கள். தரத் தயங்கினால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். எம்பரிவாஹன் என்ற அரசு செயலியில் எண்ணைப் போட்டால் பதிவான தேதி, எத்தனையாவது ஓனர், இன்சூரன்ஸ் எது வரை, கடன் நிலுவை இருக்கிறதா என்பதெல்லாம் தெரியும். அபராதம் ஏதும் கட்டாமல் இருக்கிறதா என்பதை இ-சலான் தளத்தில் தனியாகப் பாருங்கள். ஆர்.சி.யில் (பதிவுச் சான்று) வங்கி பெயர் இருந்தால், அதாவது கடனுக்கு ஹெச்.பி. போட்டிருந்தால், வங்கியின் என்.ஓ.சி.யும் (ஆட்சேபம் இல்லை என்ற சான்று), வங்கி பெயரை நீக்குவதற்கான படிவம் 35ம் கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்கக் கூடாது.

பதிவு 15 வருஷத்துக்குத்தான் செல்லும். 13, 14 வருஷ வண்டி மலிவாகக் கிடைக்கும், ஆனால் சீக்கிரமே எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும்; அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது, பசுமை வரி அதற்கு மேல். டெல்லி எண்ணோடு அடிமாட்டு விலைக்கு வரும் கார்களும் உண்டு. அங்கே 10 வருஷம் தாண்டிய டீசலும் 15 வருஷம் தாண்டிய பெட்ரோலும் ஓடக்கூடாது என்று உத்தரவு இருந்ததால், வயது நெருங்கிய வண்டிகளைத் தெற்கே தள்ளிவிட்டார்கள். அதை இங்கே கொண்டுவர அங்கிருந்து என்.ஓ.சி., இங்கே மறுபடி சாலை வரி, ஆர்.டி.ஓ. அலுவலக அலைச்சல் என்று இழுக்கும். படிக்கிற நேரத்தில் அது வேண்டாம்.

படி 4: வண்டியைப் பார்ப்பது (இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும்)

காலையில் போங்கள், நல்ல வெளிச்சத்தில். மாலையில் லைட் வெளிச்சத்திலும் மழையில் நனைந்த வண்டியிலும் பெயின்ட் வித்தியாசம் தெரியாது. “நான் வரும் வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க” என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள், சூடாக இருந்தால் ஏற்கெனவே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். குளிர்ந்த என்ஜின்தான் உண்மை சொல்லும். ஸ்டார்ட் செய்யும்போது நண்பர் ஒருவர் பின்னால் நின்று சைலன்சரைப் பார்க்கட்டும். நீலப் புகை வந்தால் என்ஜின் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டால் பரவாயில்லை, நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் கூலன்ட் உள்ளே போகிறது. ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே ஆயில் மூடியைத் திறந்து அடிப்பக்கம் பாருங்கள், பால் காபி நிறத்தில் பிசுபிசுப்பு இருந்தால் அந்த வண்டி வேண்டாம்.

அடுத்து, அடிபட்ட வண்டியா என்று பார்க்க வேண்டும். பானெட் கீல், முன் ஃபென்டர், கதவு இவற்றைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைக் கிட்டத்தில் பாருங்கள். கம்பெனியில் முடுக்கிய போல்ட்டின் மேல் பெயின்ட் முழுசாக இருக்கும், ஸ்பேனர் பட்டது என்றால் ஓரம் உரிந்திருக்கும். ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போங்கள், நசுங்கலை நிரப்பப் பட்டி பூசிய இடத்தில் அது ஒட்டாமல் நழுவும். கதவில் சின்ன டிங்கரிங் வேலை நடந்திருந்தால் பயப்பட வேண்டியதில்லை, நம் ஊர் ரோட்டில் ஓடும் எந்த வண்டிக்கும் அது இருக்கும். முன்பக்கச் சட்டமோ சேஸிஸோ வளைந்து நிமிர்த்தியிருந்தால் மட்டும் எந்த விலைக்கும் வேண்டாம். சேஸிஸ் எண், என்ஜின் எண் இரண்டையும் ஆர்.சி.யோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள்.

கிலோமீட்டர் கணக்கை நம்ப வேண்டாம், மீட்டரைக் குறைத்து வைப்பது சாதாரணமாக நடக்கிறது. நாங்கள் பார்த்த நான்காவது வண்டி 2017 மாடல், மீட்டரில் 24,000. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 2319 என்றால் 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் செய்த டயர். அந்த வண்டியில் நான்கு டயரும் 2022ஆம் வருஷம் செய்தவை. வெறும் 24,000 ஓடிய வண்டிக்கு நான்கு டயரும் ஏன் மாற்றினார்கள்? குனிந்து பார்த்தால் கிளட்ச் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்து இரும்பு தெரிந்தது. தம்பிக்கே புரிந்துவிட்டது, கிளம்பிவிட்டோம். கம்பெனி சர்வீஸ் சென்டரில் விட்ட வண்டி என்றால் அங்கே சர்வீஸ் பதிவு இருக்கும், ஓனரை வைத்துக்கொண்டு கேட்டு வாங்குங்கள், எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டர் என்று அதில் வரிசையாகத் தெரியும்.

இனி தண்ணீர். இதை நான் பட்டு அனுபவித்துச் சொல்கிறேன். 2016இல் கல்லூரியில் படிக்கும்போது அப்பா எனக்கு ஒரு கார் வாங்கிக் கொடுத்தார். பெயின்ட் பளபளப்பு, புது சீட் கவர், நியாயமான விலை. முதல் மழையில் உள்ளே ஒரு சேற்று வாடை. அடுத்த மாதம் பவர் விண்டோ நின்றது, அப்புறம் மீட்டர் விளக்கு, அப்புறம் ஓடிக்கொண்டிருக்கும்போதே என்ஜின் அணையத் தொடங்கியது. எங்கள் ஊர் மெக்கானிக் ஒன்றுமே பேசாமல் ஓட்டுநர் சீட் பெல்ட்டைப் பிடித்துக் கடைசி வரைக்கும் இழுத்தார். தினமும் வெளியே வரும் பகுதி சுத்தமாக இருந்தது, உள்ளே சுருண்டே கிடந்த கடைசி அரை அடியில் பழுப்பு நிறத்தில் காய்ந்த சேற்றுக் கோடு. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் நின்ற வண்டி அது. அப்பா ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த காசு, இன்றைக்கு நினைத்தாலும் மனசு கனக்கிறது.

சென்னையில் மூழ்கிய வண்டி சென்னையிலேயே விற்பனைக்கு வரும் என்று நினைக்காதீர்கள், சுத்தம் செய்து வேறு ஊருக்குக் கொண்டுபோய் விடுவார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னை, அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலி என்று எத்தனை ஆயிரம் கார் தண்ணீரில் நின்றதோ, அவற்றில் பல இன்னும் கைமாறிக்கொண்டிருக்கும். அதனால் எல்லா சீட் பெல்ட்டையும் முழுசாக இழுத்துப் பாருங்கள். ஸ்டெப்னியைத் தூக்கி அந்தக் குழியில் கை விடுங்கள். முன் சீட்டுக்கு அடியில் இருக்கும் கம்பிகளில், ரெயிலில் துரு இருக்கிறதா, கார்பெட் ஓரத்தைத் தூக்கினால் மண் இருக்கிறதா என்று மொபைல் டார்ச் அடித்துப் பாருங்கள். எல்லாக் கண்ணாடியையும் ஏற்றி ஐந்து நிமிடம் ஏ.சி. போடாமல் உள்ளே உட்காருங்கள். வாசனை ஸ்ப்ரே தூக்கலாக இருந்தால் எதற்கு என்று யோசியுங்கள்.

படி 5: ஓட்டிப் பார்ப்பது

அரை மணி நேரமாவது ஓட்டுங்கள், மேடு பள்ளம், நேர் ரோடு இரண்டிலும். நேர் ரோட்டில் ஸ்டியரிங்கை லேசாகப் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கிறதா, பிரேக் அடித்தால் திரும்புகிறதா, வேகத்தடையில் கடகடவென்று சத்தம் வருகிறதா என்று கவனியுங்கள். மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது என்ஜின் உறுமி வண்டி நகராமல் நின்றால் கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கிறது. ஏ.சி. போட்டுக்கொண்டு டிராபிக்கில் பத்து நிமிடம் நில்லுங்கள், ரேடியேட்டர் கோளாறு இருந்தால் வெப்ப முள் அப்போதுதான் ஏறும். ரேடியோவை அணைத்து வையுங்கள்.

படி 6: உங்கள் மெக்கானிக், அவர்களுடையவர் இல்லை

ஐநூறோ ஆயிரமோ கொடுத்து உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள், முடிந்தால் லிஃப்டில் ஏற்றி அடிப்பாகம் பாருங்கள். ஒன்பது வண்டிக்கும் கூட்டிப் போக வேண்டியதில்லை, மேலே சொன்னதெல்லாம் பார்த்து நீங்களே கழித்துவிட்டு, தேறியதற்கு மட்டும் அழைத்தால் போதும். எங்களுக்கு இரண்டுதான் தேறியது.

படி 7: விலையும் பெயர் மாற்றமும்

குறைகளை ஒரு தாளில் எழுதி, மாற்ற ஆகும் செலவையும் பக்கத்தில் எழுதிக் காட்டிப் பேசுங்கள். சும்மா குறைத்துக் கேட்பதைவிட இதற்கு மதிப்பு அதிகம். அட்வான்ஸ் கொடுத்தால் கையெழுத்தோடு ரசீது வாங்குங்கள், பெரிய தொகையை வங்கி வழியாகவே அனுப்புங்கள்.

படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவர் கையெழுத்து வாங்கி, 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வில் பெயர் மாற்றத்துக்குக் கொடுத்துவிடுங்கள். ‘பரீட்சை முடியட்டும்’ என்று தள்ளிப்போட வேண்டாம். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும்; மூன்றாம் நபருக்கான பாதுகாப்பு வண்டியோடு சேர்ந்தே வந்துவிடும், உங்கள் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கான காப்பீடு அப்படி வராது. பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸும் (காப்பீட்டுத் தொகை கேட்காத வருஷங்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) அவருக்கே சொந்தம், உங்களுக்குக் கிடைக்காது, அதைச் சேர்த்து விலை சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வண்டியை எடுக்கும் நாளில் தேதியோடு நேரமும் எழுதி டெலிவரி நோட் வாங்குங்கள், அந்த நேரம் வரை நடந்ததற்கு நீங்கள் பொறுப்பாக மாட்டீர்கள்.

தம்பிக்கு வாங்கியது 2015 ஆல்டோ கே10, ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியரிடம் நேரடியாக. எல்லா பில்லையும் தேதி வாரியாக ஒரு ஃபைலில் கோத்து வைத்திருந்தார், பேரம் பேசவே கூச்சமாக இருந்தது. எடுத்த வாரமே என்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில் எல்லாவற்றையும் மாற்றினோம், முன் டயர் இரண்டும் புதுசு போட்டோம். எடுத்து வைத்த 50,000இல் இன்னும் 19,000 இருக்கிறது, அதை அவன் தனிக் கணக்கில் போட்டு வைத்திருக்கிறான்.