கூட்டுச் சிறுகதைத் தொகுப்பை மின்னூலாக்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாட்ஸ்அப் குழுவிலோ முகநூலிலோ அறிமுகமான எழுத்தார்வலர்கள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து, ஆளுக்கொரு கதை எழுதி, அதைத் தொகுப்பாக்கி அமேசான் கிண்டிலில் தாங்களே வெளியிடுவது தமிழில் இப்போது வழக்கமாகிவிட்டது. 2016ஆம் ஆண்டின் இறுதியில் கிண்டிலில் தமிழ் நூல்களுக்கு வழி திறந்த பிறகு, அச்சகத்துக்கு முன்பணம் கட்டி, விற்காத பிரதிகளைப் பரணில் அடுக்கிவைக்கும் கவலை இல்லாமல் எவரும் பதிப்பாளராகிவிட முடிகிறது. அண்மையில் அப்படிப்பட்ட புதுக் குழுக்கள் சிலவற்றின் வேலையை அருகிலிருந்து பார்த்தேன். எங்கள் முதல் தொகுப்பில் எங்கெங்கே சிக்கிக்கொண்டோமோ, அங்கெல்லாம் அவர்களும் வரிசை மாறாமல் சிக்கினார்கள். மெய்ப்புப் பார்க்க வேண்டும், அட்டை கண்ணுக்கு உறுத்தாமல் இருக்க வேண்டும் என்பவை எல்லோரும் அறிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

வாய்மொழிச் சம்மதத்தை நம்பிக் கதை திரட்டுவது

"கதையை அனுப்புங்கள், தொகுப்பில் சேர்த்துவிடலாம்" என்று ஒருவர் குழுவில் எழுதுவார். மற்றவர்கள் கட்டைவிரல் குறியைப் பதிலாகப் போடுவார்கள். பெரும்பாலான தொகுப்புகளின் ஒப்பந்தம் அத்துடன் முடிந்துவிடுகிறது. நண்பர்களிடம் கையெழுத்துக் கேட்பது மரியாதைக் குறைவு என்ற தயக்கம் நம்மவர்களுக்கு உண்டு. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு எரிச்சலூட்டுகிற ஒரே தவறு இதுதான். ஏனெனில், ஒரு பக்கக் கடிதத்தால் தடுத்திருக்கக்கூடிய சேதத்தை இது மாதக்கணக்கில் இழுத்தடிக்கும்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு கதையின் முதல் உரிமையாளர் அதை எழுதியவர். தேர்ந்தெடுத்து, வரிசைப்படுத்தி, முன்னுரை எழுதிய தொகுப்பாசிரியருக்கு அந்தத் தொகுப்புப் பணியின் மீது உரிமை உண்டே தவிர, உள்ளே இருக்கும் கதைகளின் மீது அணுவளவும் இல்லை. கதையைப் பயன்படுத்திக்கொள்ள உரிமம் வேண்டும். அந்த உரிமம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது பிரிவு 30. அப்படி எழுதித் தரும்போது கால அளவைக் குறிப்பிடாவிட்டால் அது 5 ஆண்டுகள் என்றும், நிலப்பரப்பைக் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் பிரிவு 19 கொள்கிறது. உரிமையை மாற்றித் தருவதைப் பற்றிய அந்தப் பிரிவு உரிமங்களுக்கும் பொருந்தும். கிண்டிலில் நூலை ஏற்றும்போதோ, உலகம் முழுவதற்குமான உரிமை உங்களிடம் இருக்கிறதா என்று ஒரு கேள்வி வருகிறது. கணக்கு வைத்திருப்பவர் யோசிக்காமல் ஆம் என்று குறியிடுகிறார். சிங்கப்பூரிலும் கனடாவிலும் இருக்கும் வாசகர்களுக்கு விற்க, தம் கையில் இல்லாத ஓர் உரிமையைத் தம் பெயரில் அவர் உறுதிசெய்து கொடுத்துவிட்டார் என்பது அவருக்கே தெரியாது.

எங்கள் தொகுப்பில் என்ன நடந்தது என்றால், நூலை, கிண்டிலின் சுயபதிப்புத் தளமான கேடிபியின் செலக்ட் திட்டத்தில் சேர்த்திருந்தோம். இந்திய விற்பனையில் 70 விழுக்காடு உரிமைத்தொகை வேண்டுமானால் அதில் சேர்ந்தே ஆக வேண்டும். சேராவிட்டால் 35 விழுக்காடுதான். பதிலுக்கு, 90 நாள்களுக்கு அந்த உள்ளடக்கம் மின்வடிவில் வேறெங்கும் கிடைக்கக் கூடாது. எங்கள் தொகுப்பிலேயே சிறந்தது என்று நாங்கள் நம்பிய கதையை, அதை எழுதிய தோழி முன்பே ஒரு கதைச் செயலியில் நான்கு பகுதிகளாகப் பதிவேற்றியிருந்தார். அவர் அதை மறைக்கவில்லை. இலவசமாகப் போட்ட கதை வெளியான கதையாகக் கணக்கில் வரும் என்று அவருக்குத் தோன்றவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அமேசானின் எச்சரிக்கை மின்னஞ்சல் வந்த அன்று செயலியிலிருந்து நீக்கிவிடலாம் என்று உட்கார்ந்தால், அந்தக் கணக்கு அவர் கைவிட்ட பழைய கைப்பேசி எண்ணில் இருந்தது. ஒரு கதையால் முழு நூலும் திட்டத்திலிருந்து வெளியேறியது. குழுவில் எல்லோரும் அவர்மேல் பாய்ந்தார்கள். குற்றம் அவருடையது அன்று. கேள்வியைக் கேட்டு எழுதி வாங்க வேண்டிய பொறுப்பு கதைகளைத் திரட்டியவர்களுடையது.

அது ஓய்வதற்குள் அடுத்தது வந்தது. இன்னொரு நண்பரின் தனித் தொகுப்பை ஒரு பதிப்பகம் ஏற்றுக்கொண்டது. அச்சு நூல் மட்டும் என்றால் சிக்கலே இல்லை, ஏனெனில் செலக்ட் திட்டத்தின் கட்டுப்பாடு மின்வடிவத்துக்கு மட்டுமே. அவர்களோ மின்னூல் உரிமையையும் சேர்த்துக் கேட்டார்கள். நண்பர் தம் கதையை எங்கள் நூலிலிருந்து எடுத்துவிடச் சொன்னார். மறுப்பதற்கு எங்களிடம் ஒரு தாள்கூட இல்லை. கதையை நீக்கி, பொருளடக்கத்தை மாற்றி, அந்தக் கதையை இரண்டு பத்திகளில் புகழ்ந்திருந்த முன்னுரையைத் திருத்தி, அட்டையையும் மாற்றி மறுபடி ஏற்றினோம். முன்பே வாங்கியவர்கள் பழைய வடிவத்தை வைத்திருந்தார்கள். புதிதாக வாங்கியவர்கள் மதிப்புரைகளில் பேசப்பட்ட கதை எங்கே என்று கேட்டார்கள்.

ஆகவே ஒவ்வொரு எழுத்தாளரிடமிருந்தும் ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள். கதையின் தலைப்பு, எழுதியவரின் இயற்பெயரும் புனைபெயரும், எந்தெந்த வடிவங்களில் வெளியிட அனுமதி, எத்தனை ஆண்டுகளுக்கு, உலகம் முழுவதற்குமா, அந்தக் காலத்துக்குள் கதையை வேறிடத்தில் வெளியிடலாமா, விலக விரும்பினால் எத்தனை நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்பவை அதில் இருக்க வேண்டும். "இதற்கு முன் வெளியானதா?" என்று மட்டும் கேட்காதீர்கள், எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். வலைப்பூ, முகநூல் பதிவு, கதைச் செயலி, ஒலிக்கதை, இணைய இதழ், போட்டி என்று பெயர் சொல்லித் தனித்தனியாகக் கேளுங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் எப்போதாவது கொடுத்திருக்கிறாரா என்பதையும் கேளுங்கள். அந்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது, யார் வேண்டுமானாலும் அந்தக் கதையைப் பகிர்ந்துகொண்டே இருக்கலாம் என்பதால், வேறெங்கும் கிடைக்கக் கூடாது என்று கோரும் எந்தத் திட்டத்துக்கும் அந்தக் கதை ஆகாது. மூத்தவர்கள் இருக்கும் குழுவானால் குடும்பத்தில் ஒருவரின் தொடர்பையும் வாங்கிவைப்பது நல்லது. எழுதியவர் மறைந்த பின்னும் பதிப்புரிமை 60 ஆண்டுகள் நீடிக்கிறது. அந்தக் காலத்தில் நீங்கள் பேச வேண்டியது அவருடைய வாரிசுகளிடம்.

பணத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்பது

உரிமைத்தொகையைப் பல கணக்குகளுக்குப் பிரித்து அனுப்பும் வசதி கிண்டிலில் இல்லை. யாருடைய கணக்கில் நூல் ஏறுகிறதோ அவருடைய வங்கிக்கே முழுத்தொகையும் வரும், அவருடைய பான் எண்ணிலேயே வருமானமாகப் பதியும். விற்ற மாதம் முடிந்து ஏறத்தாழ 60 நாள் கழித்தே பணம் வரும் என்பது தெரியாமல், முதல் மாதமே "கணக்கு எங்கே?" என்று கேட்டு முறிந்த நட்புகளைப் பார்த்திருக்கிறேன். அமெரிக்க விற்பனைக்கு அங்கே வரி பிடிப்பார்கள். வரிப் படிவத்தில் பான் எண்ணைக் கொடுத்து இந்திய ஒப்பந்தச் சலுகையைக் கோரினால் அது 15 விழுக்காடு, கோராவிட்டால் 30.

கதைவாரியாகப் பங்கிடலாம் என்று சிலர் தொடங்குவார்கள். கிண்டில் அன்லிமிடெட் என்ற சந்தாத் திட்டத்தின் வாசிப்புக்குப் படித்த பக்கங்களின் எண்ணிக்கையைக் கொண்டு பணம் கிடைக்கிறது. எந்தக் கதையின் பக்கங்கள் என்று அறிக்கையில் வராது. சமபங்கு ஒன்றே செய்யக்கூடியது. அதையும் கணக்கிட்டுப் பாருங்கள்: 100 ரூபாய் நூலில் 70 ரூபாய் முழுதாக வந்தாலும் 15 பேருக்குப் பிரித்தால் தலைக்கு ஐந்து ரூபாய்கூட இல்லை. அடுத்த தொகுப்பின் அட்டைச் செலவுக்கென்று ஒதுக்கிவிட்டு, மாதாமாதம் அறிக்கையின் திரைப்பதிவை மட்டும் எல்லோருக்கும் அனுப்பும் குழுக்கள்தாம் இரண்டாவது தொகுப்பு வரை ஒன்றாக இருக்கின்றன.

எழுத்துரு தானாகச் சரியாகிவிடும் என்று நினைப்பது

ஒருவர் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருப்பார், இன்னொருவர் வானவில் என்ற எழுத்துருவில், மூன்றாமவர் கைப்பேசியில். எல்லாவற்றையும் ஒருங்குறிக்கு (யுனிகோடு) மாற்றும் மென்பொருள்கள் உண்டு. ஆனால் மாற்றிய கோப்பை எவரும் வரிவரியாகப் படிப்பதில்லை. பார்வைக்கு ஒன்றாகவும் உள்ளே வேறாகவும் இருக்கும் எழுத்துகளே இதில் ஆபத்தானவை. "கௌரவம்" என்பதற்குப் பதில் ஒற்றைக்கொம்பும் ளகரமும் சேர்ந்து "கெளரவம்" என்று இருக்கும். "ஔவை" என்பது ஒகரமும் ளகரமுமாக "ஒளவை" என்று இருக்கும். துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ரகரம் உட்கார்ந்திருக்கும். கண் ஏமாந்தாலும் தேடல் ஏமாறாது. இவற்றைத் தேடி மாற்றும் பட்டியல் ஒன்றை முதல் நாளே தயாரித்துவிட்டால் மெய்ப்புப் பார்ப்பவரின் பாதி வேலை குறையும். பிடிஎஃப் கோப்பை ஏற்ற வேண்டாம். வேர்டு கோப்பில், ஒவ்வொரு கதையின் தலைப்புக்கும் தலைப்புப் பாணியைக் கொடுத்துப் பொருளடக்கத்தைத் தானியங்கியாக உருவாக்குங்கள். எழுத்தைத் தடிமனாக்கியதால் மட்டும் அது தலைப்பு ஆகிவிடாது.

வாழ்த்துரைகளை முன்னால் அடுக்குவது

வாங்குமுன் புரட்டிப் பார்க்க வாசகருக்குக் கிடைப்பது நூலின் தொடக்கத்தில் ஏறத்தாழ 10 விழுக்காடு. அதில் அணிந்துரை, வாழ்த்துரை, தொகுப்பாசிரியர் உரை, நன்றியுரை, பதினைந்து பேரின் புகைப்படம் போட்ட அறிமுகம் ஆகியவை முடிவதற்குள் மாதிரி முடிந்துவிடுகிறது. ஒரு கதையின் முதல் வரியைக்கூடக் காட்டாமல் சிறுகதைத் தொகுப்பை விற்கப் பார்க்கிறோம்! முன்னுரை ஒன்று போதும், அதுவும் இரண்டு பக்கம். மற்ற அனைத்தும் கடைசியில் போகட்டும். முதல் கதையாகக் குழுவின் மூத்தவருடையதை வைக்கும் மரியாதையையும் விட்டுவிட்டு, படிப்பவரைப் பிடித்து நிறுத்தும் கதையை வையுங்கள்.

கேட்காமல் கதையில் கைவைப்பது

ஒற்றுப்பிழையைத் திருத்துவதும் மேற்கோள் குறிகளை ஒரே சீராக்குவதும் தொகுப்பாசிரியரின் வேலை. நெல்லை வழக்கில் எழுதிய உரையாடலை "எல்லோருக்கும் புரியட்டும்" என்று பொதுத்தமிழாக்குவது அவருடைய வேலை அன்று. படைப்பைச் சிதைத்துத் தன் பெயருக்கு ஊறு செய்தால் தடுக்கும் உரிமை, பதிப்புரிமையை விற்றுவிட்ட எழுத்தாளருக்கும் பிரிவு 57இன்கீழ் உண்டு. திருத்தங்களைத் தடம் தெரியும்படி செய்து, எழுதியவர் பார்த்து ஒப்பிய பிறகே இறுதிக் கோப்பில் சேருங்கள்.

திரைப்பாடல் வரிகளைக் கதையில் சேர்ப்பது

வேண்டாம். பாரதியார் பாடல்கள் நாட்டுடைமை, அவற்றை எடுத்தாளுங்கள்.

ஐஎஸ்பிஎன் எண்ணுக்குப் பணம் கொடுப்பது

கிண்டில் மின்னூலுக்கு அந்தப் பன்னாட்டு நூல் அடையாள எண் தேவையே இல்லை. வேண்டுமென்றால் ராஜா ராம்மோகன் ராய் பெயரில் இயங்கும் தேசிய முகமையில் கட்டணமின்றிக் கிடைக்கும்.

செயற்கை நுண்ணறிவு வரைந்த அட்டையை அறிவிக்காமல் விடுவது

2023 செப்டம்பர் முதல் ஏற்றும்போதே இதைக் கேட்கிறார்கள். உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

ஒருவருக்கொருவர் ஐந்து நட்சத்திரம் கொடுத்துக்கொள்வது

நூலில் எழுதியவர்களும் அவர்களின் வீட்டாரும் நெருங்கிய நண்பர்களும் மதிப்புரை எழுதுவது அமேசானின் விதிக்குப் புறம்பானது. அவை நீக்கப்படும்போது, உண்மையான வாசகர் எழுதியதும் சேர்ந்து சந்தேகத்துக்கு உள்ளாகிறது.

90 நாள் கெடுவை மறப்பது

செலக்ட் திட்டத்தில் தானாகப் புதுப்பிக்கும் குறி இயல்பாகவே இடப்பட்டிருக்கும். முதல் கெடு முடிந்ததும் கதைகளைத் தத்தம் வலைப்பூவில் போடலாம் என்று உறுப்பினர்களிடம் சொல்லிவைத்துவிட்டு, அந்தக் குறியை எடுக்க மறந்தால், 91ஆம் நாள் அவர்கள் போடும் முதல் பதிவே விதிமீறலாகிவிடும். நூலை ஏற்றிய அன்றே குறியை நீக்கிவிட்டு, தொடர வேண்டுமா என்பதைக் கெடு முடியும் வாரத்தில் குழுவில் கேட்டு முடிவுசெய்யுங்கள்.