பிரேசில் பயணம்: தண்ணீரைப் பார்த்துத் தேதி குறியுங்கள்

பிரேசிலுக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் இடங்களை எழுதி வைத்துக்கொண்டு, அப்புறம் லீவு கிடைக்கும் மாதத்தில் அவற்றைத் திணிக்கிறார்கள். அங்கேதான் பணம் வீணாகிறது. ஜூலையில் நீலக் குளங்களாக மின்னும் லென்சோயிஸ் மணல்வெளி, நவம்பரில் வெறும் மணல். ஜூனில் மரக்கிளைகளுக்கு நடுவே படகு ஓடும் அமேசான் காடு, அக்டோபரில் சேறும் மணல்திட்டுமாகக் கிடக்கும். மார்ச்சில் கடல்போல் நிற்கும் பந்தனால் சதுப்பில் ஜாகுவார் கண்ணில் படுவது அபூர்வம். ஆக, எந்த மாதத்தில் எந்த இடத்தில் தண்ணீர் எவ்வளவு என்பதைப் பார்த்துவிட்டுத்தான் தேதி குறிக்க வேண்டும்.

எல்லாம் ஓரளவு ஒத்துவருவது ஜூலை, ஆகஸ்ட்டில். லென்சோயிஸில் குளங்கள் நிறைந்திருக்கும். அமேசானில் மழை குறைந்திருக்கும், ஆற்றுமட்டம் இறங்கத் தொடங்கினாலும் காட்டுக்குள் இன்னும் தண்ணீர் நிற்கும். பந்தனால் வற்ற ஆரம்பித்திருக்கும். ரியோவில் குளிர்காலம், நம் ஊர் மார்கழி மாதிரி இதமான வெயில். ஜூலையில் அவர்களுக்குப் பள்ளி விடுமுறை என்பதால் விலையும் கூட்டமும் ஏறும். அதனால் எங்கள் ஓட்டு ஆகஸ்ட் முதல் இரண்டு வாரத்துக்குத்தான்.

ஊசி, விசா, டிக்கெட்

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பிரேசில் நுழைவில் அதைக் கேட்கவில்லையே என்று விட்டுவிடுவார்கள். சிக்கல் போகும்போது அல்ல, திரும்பும்போது. இந்தியா பிரேசிலை மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடாகக் கணக்கில் வைத்திருக்கிறது. சான்றிதழ் இல்லாமல் இறங்கினால் 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம். இலங்கைக்குத் திரும்புகிறவர்களிடமும் இதைக் கேட்பார்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும் என்பதால் கடைசி வாரத்தில் ஓடிப் பயனில்லை. எல்லா ஆஸ்பத்திரியிலும் இந்த ஊசி கிடையாது. அங்கீகாரம் பெற்ற மையத்துக்கே போக வேண்டும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் 60 வயது தாண்டியவர்களும் முதலில் டாக்டரிடம் பேசிவிட்டு வரிசையில் நிற்கவும். சான்றிதழான அந்த மஞ்சள் புத்தகம் கைப்பையில் இருக்கட்டும், செக்-இன் பெட்டியில் வேண்டாம்.

இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசா முன்கூட்டியே எடுத்தாக வேண்டும். விமானத்தை வளைகுடா நாடுகள் வழியாகவோ அடிஸ் அபாபா வழியாகவோ பாருங்கள். அமெரிக்கா வழியாக மலிவான டிக்கெட் ஆசை காட்டும். விமானம் மாறுவதற்குக்கூட அமெரிக்க விசா வேண்டும் என்பது கவுன்டரில் நிற்கும்போதுதான் தெரியவரும்.

உள்நாட்டுப் பயணத்துக்கு ரயிலை மறந்துவிடுங்கள். 85 லட்சம் சதுர கிலோமீட்டர், இந்தியாவைப் போல இரண்டரை மடங்கு. நீண்டதூரப் பயணிகள் ரயில் ஒன்றிரண்டு தடங்களில் மட்டும். விமானம்தான் வழி. சாவோ பாவ்லோவில் இரண்டு பெரிய விமான நிலையங்கள் உண்டு: வெளிநாட்டு விமானங்கள் இறங்கும் குவாருல்யோஸ், நகருக்குள் இருக்கும் கொங்கோன்யாஸ். ஒன்றில் இறங்கி மற்றொன்றில் ஏறும்படி டிக்கெட் எடுத்துவிட்டால் நகரப் போக்குவரத்தில் மாட்டி அடுத்த விமானம் போய்விடும். ஊர்ப் பெயரை அல்ல, நிலையத்தின் பெயரைப் படியுங்கள்.

டிக்கெட் தளங்கள் 'சிபிஎஃப்' என்று ஒரு எண் கேட்கும். அது அந்நாட்டவரின் வரி எண். வெளிநாட்டவர், பாஸ்போர்ட் என்ற தெரிவு அதே பக்கத்தில் எங்காவது ஒளிந்திருக்கும், தேடுங்கள். 'பிக்ஸ்' என்பது அவர்களுடைய யுபிஐ, பயணிகளுக்கு உதவாது. ஆனால் கார்டு தள்ளுவண்டிக் கடையில்கூட ஓடும்.

18 நாள் கையில் இருந்தால் இப்படிப் பிரிக்கலாம்: இகுவாசு 2 இரவு, ரியோ 4, சாவோ லூயிஸும் லென்சோயிஸும் சேர்த்து 4, அமேசான் 4. மீதி விமானத்துக்கும் ஓய்வுக்கும். பந்தனாலையும் சேர்க்க வேண்டுமென்றால் அமேசானை விடுங்கள். இரண்டையும் திணித்தால் விமான நிலையங்கள்தான் நினைவில் நிற்கும்.

இகுவாசு

சுமார் 275 அருவிகள், பிரேசிலும் அர்ஜென்டினாவும் பங்கு போட்டுக்கொண்டவை. அருவிகளில் பெரும்பாலானவை அர்ஜென்டினா பக்கம். அவற்றை மொத்தமாக ஒரே பார்வையில் காட்டுவது பிரேசில் பக்கம். பிரேசில் பக்கத்துக்கு அரை நாள் போதும். அர்ஜென்டினா பக்கத்துக்கு ஒரு முழு நாளும் தனி விசாவும் வேண்டும். எல்லை தாண்டித் திரும்ப வருவதென்றால் பிரேசில் விசா பலமுறை நுழைய அனுமதிக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபோஸ் டோ இகுவாசு ஊரிலிருந்து 120 எண் நகரப் பேருந்து, விமான நிலையம் வழியாகப் பூங்கா வாசல் வரை போகிறது. உள்ளே பூங்காவின் பேருந்து. இளஞ்சிவப்பு ஹோட்டலுக்கு எதிரே இறங்கினால் நடைபாதை தொடங்கும். ஒன்றரை கிலோமீட்டருக்கும் குறைவு, அருவிச் சத்தம் கூடிக்கொண்டே போகும். கடைசியில் 'பிசாசின் தொண்டை' என்ற பள்ளத்துக்கு எதிரே ஒரு நடைபாலம். அதில் கால் வைத்த நிமிடமே தலையோடு நனைவீர்கள். பிளாஸ்டிக் மழைக்கோட்டை உள்ளே வாங்குவதைவிட ஊரிலிருந்தே கொண்டுபோவது லாபம். வெள்ளம் மிஞ்சினால் பாலத்தை மூடிவிடுவார்கள். இரண்டு இரவு தங்கச் சொல்வது அதற்காகவும்தான்.

அங்கே 'குவாச்சி' என்று ஒரு பிராணி, வளையம் வளையமாக வாலும் நீண்ட மூக்குமாகக் கூட்டமாகத் திரியும். பழனி மலைக் குரங்குக்கு அண்ணன். பிளாஸ்டிக் பை சரசரத்தால் போதும், மேசைமேல் ஏறிப் பிடுங்கும். விடாமல் இழுத்தால் கடிக்கும். தீனியை ஜிப் போட்ட பைக்குள் வையுங்கள்.

ரியோ

கிறிஸ்து சிலை 1931இல் திறக்கப்பட்டது. பீடம் நீங்கலாக 30 மீட்டர், நிற்பது 710 மீட்டர் உயரக் கோர்கொவாடோ குன்றில். உயரம்தான் பிரச்சினையும். கீழே வெயிலடிக்கும்போது மேலே மேகம் மூடியிருக்கும். சிலையின் காலடியில் நின்றாலும் முகம் தெரியாது. ஆகவே ரியோவுக்குப் போன முதல் தெளிவான காலையை இதற்குக் கொடுத்துவிடுங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். கோஸ்மி வெல்யோவிலிருந்து பல்சக்கர ரயில் 20 நிமிடத்தில் ஏற்றிவிடும்.

396 மீட்டர் சர்க்கரைக் குன்றுக்கு மாலையில் போங்கள். 1912 முதல் ஓடும் கம்பிவட வண்டி, நடுவில் ஒரு குன்றில் மாறி ஏற வேண்டும். சூரியன் மறைவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே வரிசையில் நின்றால் விளக்கு எரியும் நகரத்தையும் சேர்த்துப் பார்க்கலாம். கடற்கரைக்கு போன், பாஸ்போர்ட் எதுவும் வேண்டாம்; ஒரு கார்டும் துண்டும் போதும். சிவப்புக் கொடி இருந்தால் முழங்காலுக்கு மேல் இறங்காதீர்கள், அடியிழுப்பு பலமானது.

லென்சோயிஸ் மரன்யென்சிஸ்

ஒரு இடம்தான் பார்க்க முடியும் என்றால் நாங்கள் ரியோவைச் சொல்ல மாட்டோம், இதைச் சொல்வோம். 1,55,000 ஹெக்டேர் தேசியப் பூங்கா, 2024இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பார்க்கப் பாலைவனம், ஆனால் ஆண்டின் முதல் ஆறு மாதம் நல்ல மழை. மணலுக்கு அடியில் நீர் இறங்காத பாறைப்படுகை இருப்பதால், பெய்த மழை மேடுகளுக்கு இடையே நல்ல தண்ணீர்க் குளங்களாகத் தேங்கிவிடுகிறது. மழை நின்றதும் வெயில் அதைக் குடித்துக்கொண்டே போகும். அக்டோபரில் பெரும்பாலானவை காலி. வற்றும் குளத்தின் சேற்றில் புதைந்து அடுத்த மழைவரை கிடக்கும் மீன்கூட உண்டு, நம் விரால் மாதிரி.

வழி: சாவோ லூயிஸுக்கு விமானம். சுவரில் ஓடு பதித்த வீடுகள் உள்ள பழைய வீதிகளுக்காக அங்கே ஓர் இரவு தங்கலாம். பிறகு சுமார் 260 கிலோமீட்டர், நாலு மணி நேரத்துக்கு மேல் வேன் பயணம், பஹெய்ரின்யாஸ் என்ற ஊருக்கு. ஏஜென்சிகள் எல்லாம் ஆற்றங்கரையில் வரிசையாக இருக்கின்றன.

அங்கிருந்து குளங்களுக்கு ஃபோர்-வீல் டிரைவ் லாரிதான். மரப்பலகை இருக்கை, பக்கம் திறந்தது. முதலில் வண்டியோடு மிதவையில் ஏறி ஆற்றைக் கடக்க வேண்டும். பிறகு மணல் தடத்தில் குலுக்கல். ஓர இருக்கைக்குச் சண்டை போடாதீர்கள். கிளைகள் முகத்தில் அடிக்கும். முதுகுவலிக்காரர்கள் பின்வரிசையைத் தவிர்க்கவும். மேட்டின் அடியில் வண்டி நின்றுவிடும், மேலே நடைதான். லகோவா பொனிட்டா சுற்றில் செங்குத்தான மேடு ஒன்று ஏற வேண்டும், மூச்சு வாங்கும். ஏறியதும் தெரிவதற்காகவே அந்தப் பெயர், 'அழகான குளம்'. முட்டி ஒத்துழைக்காதவர்கள் லகோவா அசுல் சுற்றை எடுங்கள்.

மதியம் கிளம்பும் சுற்றில் பதிவு செய்யுங்கள், அஸ்தமனம் முடிந்துதான் திரும்புவார்கள். உடுத்திய உடைக்குள்ளேயே குளியல் உடை. செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளலாம். அந்த மணல் மெரினா மணல்போல் கொதிப்பதில்லை. ஆனால் பூமத்திய ரேகைக்கு அருகே வெள்ளை மணலில் பட்டுத் திரும்பும் வெயில் தாடைக்கு அடியில்கூடத் தோலை உரிக்கும், கறுப்புக் கண்ணாடி கட்டாயம். நிழல் அறவே கிடையாது. ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர்.

இன்னொரு நாளைப் படகுக்குக் கொடுங்கள். பிரெகிசாஸ் ஆற்றில் முகத்துவாரம் வரை போகும் வழியில் மண்டகாரு கலங்கரை விளக்கம் இருக்கிறது. ஏறினால் ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் கடல்.

அமேசான்

மனாவுஸ் நகருக்கு அருகே கறுப்பான ரியோ நெக்ரோவும் பால்தேநீர் நிறச் சோலிமோயிஸும் சேர்ந்தும் சேராமல் 6 கிலோமீட்டர் பக்கம்பக்கமாக ஓடுகின்றன. வேகம், வெப்பம், அடர்த்தி மூன்றும் வேறு. இரண்டு நிறமும் பிரியும் கோட்டைப் படகு தாண்டும்போது கையைத் தண்ணீரில் விட்டுக்கொண்டே இருங்கள். கறுப்பு ஆற்றின் வெதுவெதுப்பு போய்ச் சட்டென்று குளிரும்.

தங்கும் விடுதியை ரியோ நெக்ரோ பக்கம் தேர்ந்தெடுங்கள். அமிலத்தன்மையுள்ள அந்தக் கறுப்புத் தண்ணீரில் கொசு குறைவு. நோவோ ஐராவோ ஊரிலிருந்து அனவில்யானாஸ் தீவுக்கூட்டத்துக்குள் போவது நல்ல தெரிவு. ஆற்றுமட்டம் ஆண்டுக்குள் 10 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். விடுதியின் படம் எந்த மாதத்தில் எடுத்தது, நீங்கள் வரும் மாதத்தில் வெள்ளக் காட்டுக்குள் துடுப்புப் படகு போகுமா என்று எழுதிக் கேளுங்கள். மலேரியா மாத்திரை பற்றி டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

விலங்குகள் வரிசையில் வந்து நிற்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள், அவை மரத்தின் உச்சாணியில். விலங்குதான் வேண்டும் என்றால் பந்தனால். குயாபாவில் இறங்கி, போக்கோனேயிலிருந்து 145 கிலோமீட்டர் செம்மண் சாலையில் போர்ட்டோ ஜோஃப்ரி. தண்ணீர் வற்றும் ஜூலை முதல் அக்டோபர் வரை முதலையினமும் கப்பிபாரா என்ற பெரிய கொறிவிலங்கும் ஆற்றங்கரையில் ஒதுங்க, அவற்றைத் தேடி ஜாகுவாரும் கரைக்கு வரும், படகிலிருந்தே பார்க்கலாம். மூன்று இரவாவது வேண்டும். செப்டம்பர் கடைசியில் வெயில் 40 டிகிரி தொடும், காட்டுத்தீப் புகையும் இருக்கும்.

மனாவுஸின் ஓபரா அரங்கை விட்டுவிடாதீர்கள். 1896இல் ரப்பர் பணத்தில் எழுந்தது. 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் அமேசானிலிருந்து கொண்டுபோன ரப்பர் விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து இலங்கைக்கும் மலாயாவுக்கும் வந்தன. அங்கே நம் ஜனங்கள் பால்வெட்டத் தொடங்கிய பிறகு மனாவுஸின் செல்வம் சரிந்தது. அந்தக் குவிமாடத்தைப் பார்க்கும்போது தோட்டக்காட்டு நினைவும் வரும்.

சாப்பாடு

சோறும் பீன்ஸும் எங்கும் உண்டு, ஆனால் பீன்ஸில் பன்றிக்கொழுப்பு போட்டே வேகவைப்பது வழக்கம். 'கார்னி' (இறைச்சி) இல்லாமல் என்றால் மாட்டிறைச்சி மட்டும் என்று புரிந்துகொண்டு கோழியை வைப்பார்கள். எனவே 'ஃப்ராங்கு' கோழி, 'பேய்ஷி' மீன், 'பிரசுன்டு' பன்றித்தொடை என்று தனித்தனியாகச் சொல்லி மறுக்க வேண்டும். எடைக்கு விலை போடும் 'போர் கிலு' ஓட்டல்கள் சைவக்காரர்களுக்குச் சௌகரியம். தட்டில் நீங்களே எடுத்து வைத்து எடை போடுவது. மரவள்ளி மாவில் சுட்ட தப்பியோக்கா தோசையும் முந்திரிப் பழச்சாறும் காலைக்குப் போதும். மரவள்ளி, முந்திரி இரண்டுமே பிரேசிலிலிருந்துதான் நம் சேலம், பண்ருட்டி பக்கம் வந்து சேர்ந்தன.

சால்வடோர் நகரில் வெள்ளைப் பாவாடை கட்டிய பெண்கள் தெருமுனையில் 'அக்காராஜே' சுடுவார்கள். ஊறவைத்துத் தோல் நீக்கிய காராமணியை வெங்காயத்தோடு அரைத்துச் செம்பனை எண்ணெயில் பொரித்தது. நம் வடைதான், கொஞ்சம் பெரிது. நடுவே பிளந்து வைக்கும் கூழிலும் காய்ந்த இறால் இருக்கும் என்பதால் சைவர்கள் வெறும் வடையாகக் கேளுங்கள். 'கேன்ச்சி?' என்று கேட்பார்கள். அகராதியில் அதற்குச் 'சூடு' என்றுதான் இருக்கும். அவர் கேட்பது, மிளகாய் போடட்டுமா என்று.