பரணிலிருந்து இறக்கிய ஸ்பெக்ட்ரமை மீண்டும் இயக்குவது எப்படி

கேம்பிரிட்ஜைச் சேர்ந்த சின்க்ளேர் ரிசர்ச் நிறுவனம் 1982 ஏப்ரல் 23 அன்று அறிமுகப்படுத்திய இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம், பிரிட்டனில் ஒரு தலைமுறைச் சிறுவர்களுக்கு முதல் கணினியாக அமைந்தது. 16 கே நினைவகம் கொண்டது 125 பவுண்டுக்கும் 48 கே கொண்டது 175 பவுண்டுக்கும் கிடைத்ததால், அதற்கு முன் கணினியைக் கடைக் கண்ணாடி வழியே மட்டும் பார்த்திருந்த குடும்பங்களும் அதை வாங்க முடிந்தது. அன்றைய சிறுவர்கள் இன்று ஐம்பதைக் கடந்தவர்கள். பழைய விளையாட்டுகளைக் கைப்பேசியிலேயே, பழைய கணினியைப் போலவே இயங்கும் எமுலேட்டர் என்ற மென்பொருள் வழியாக ஆடலாம் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனாலும் அந்த ரப்பர் விசைகளையும், நிரல்களைச் சேமித்த கேசட்டின் கீச்சொலியையும், தாங்களே எழுதிய நிரல்களையும்தான் மனம் தேடுகிறது. அந்த ஏக்கம் நியாயமானது. ஏனெனில் கடையில் விற்ற விளையாட்டுகளைப் பலர் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். உங்கள் கையால் பெயர் எழுதிய கேசட்டில் உள்ளதற்கோ வேறு பிரதியே இல்லை.

இந்தியாவில் டெசிபெல்ஸ் நிறுவனம் உரிமம் பெற்று விற்ற ஸ்பெக்ட்ரம் பிளஸ்ஸை வைத்திருப்பவர்களுக்கும் இங்கே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும். மேலுறையும் விசைப்பலகையும்தான் வேறு.

முதல் விதி, இறக்கியவுடன் மின் இணைப்புக் கொடுக்கக் கூடாது என்பது. பழைய அடாப்டரைத் தனியாகச் செருகி மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். 9 வோல்ட் என்று எழுதியிருந்தாலும், சுமை இல்லாதபோது 12 அல்லது 13 வோல்ட் காட்டுவது அதன் இயல்பே, பழுதன்று. புதிய அடாப்டர் வாங்குவதாக இருந்தால் 9 வோல்ட் நேர்மின்சாரமும் குறைந்தது 1.4 ஆம்பியரும் தருவதாகவும், செருகியின் நடுமுனை எதிர்மின்னாகவும் இருக்க வேண்டும். இன்று கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை நடுமுனை நேர்மின்னாகவே இருப்பதால், அவற்றை அப்படியே செருகினால் கணினியின் உட்பகுதிகள் கெட்டுவிடும்.

அடிப்புறத்தில் உள்ள ஐந்து ஸ்க்ரூக்களைக் கழற்றிய பிறகு மேல்மூடியை வெடுக்கென்று தூக்க வேண்டாம். விசைப்பலகையின் அடியில், விசை அழுத்தத்தை உணரும் மெம்பிரேன் என்ற மெல்லிய பிளாஸ்டிக் தாளிலிருந்து இரண்டு பட்டைகள் இறங்கி மின்சுற்றுப் பலகையின் இணைப்பான்களில் செருகியிருக்கும். நாற்பது ஆண்டு வெப்பத்தில் அந்தப் பிளாஸ்டிக் அப்பளம்போல் மொறுமொறுத்துப் போயிருக்கும். மடிப்பில் ஒரு விரிசல் விழுந்தாலும் ஒரு வரிசை விசைகள் முழுவதும் செத்துவிடும். நுனி மட்டும் உடைந்திருந்தால் சில மில்லிமீட்டர் வெட்டிவிட்டு மறுபடி செருகிப் பார்க்கலாம். நடுவில் விரிசல் என்றால் புதிய மெம்பிரேன்தான் வழி. அது இன்றும் தயாரிக்கப்படுகிறது. அதை மாற்றுவதற்கு, ஒட்டியிருக்கும் உலோக முகப்புத் தகட்டை ஹேர் டிரையரால் இளஞ்சூடாக்கி, ஓரத்திலிருந்து பொறுமையாக நெம்பி எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் தகடு மடங்கிவிடும், அந்த மடிப்பை எடுக்க முடியாது. ரப்பர் விரிப்பைப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்த நீரில் கழுவி நிழலில் உலர்த்தினால் போதும்.

மின்சுற்றுப் பலகையில் முதலில் மாற்ற வேண்டியவை, மின்னைத் தேக்கிவைக்கும் சிறு உருளைகளான எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள். ஒவ்வொன்றாகக் கழற்றி, நேர்முனை எதிர்முனையைக் குறித்துக்கொண்டு, புதியதைச் சாலிடர் செய்துவிட்டு அடுத்ததற்குச் செல்லுங்கள். பிறகு மின்சாரம் கொடுத்து, கீழ் 16 கே நினைவகத்தின் 4116 சிப்புகளில் ஒன்றை அளக்க வேண்டும்: 16ஆம் கால் தரை, அதாவது 0 வோல்ட்; 1ஆம் காலில் −5, 8ஆம் காலில் +12, 9ஆம் காலில் +5 வோல்ட் இருக்க வேண்டும். −5 வோல்ட் இல்லையென்றால் உடனே நிறுத்திவிடுங்கள், ஏனெனில் அது இல்லாமல் ஓடும் 4116 சிப்புகள் விரைவில் எரிந்துபோகும். பெரும்பாலும் பழுது, அந்த மின்னழுத்தங்களை உண்டாக்கும் சுற்றிலுள்ள டிஆர்4 என்ற டிரான்சிஸ்டரில் இருக்கும்.

படத்திற்கு ஒரு சிறு மாற்றம் தேவை. ஸ்பெக்ட்ரம் யுஎச்எஃப் 36ஆம் அலைவரிசையில் படத்தை அனுப்பியது. இன்றைய தொலைக்காட்சிகள் பலவற்றில் அதைப் பிடிக்கும் டியூனர் இல்லை. படத்தை அந்த அலைவரிசைக்கு மாற்றும் பகுதியான மாடுலேட்டருக்குள் செல்லும் இரண்டு கம்பிகளையும் பிரித்து, 5 வோல்ட் கம்பியின் முனையைக் காப்புநாடாவால் சுற்றி, வீடியோ கம்பியை ஏரியல் சாக்கெட்டின் நடுமுனையோடு நேரடியாக இணைத்தால், மஞ்சள் ஆர்சிஏ உள்ளீட்டில் தெளிவான படம் வரும். பெட்டியில் துளை எதுவும் போடாத இந்த மாற்றத்தை எப்போது வேண்டுமானாலும் பழையபடி ஆக்கிவிடலாம் என்பதால் எனக்கு முழுச் சம்மதம்.

திரையின் அடியில் 1982 என்ற ஆண்டோடு சின்க்ளேரின் பெயர் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. வண்ணக் கட்டங்களோ கோடுகளோ தெரிந்தால் கீழ் நினைவகத்தைச் சந்தேகியுங்கள். விரல் வைத்தால் மற்றவற்றைவிட அதிகமாகச் சுடும் சிப்பே பெரும்பாலும் குற்றவாளி. மேல் நினைவகத்தைச் சோதிக்க, பிரிண்ட் பீக் 23732 + 256 * பீக் 23733 என்று கட்டளையிடுங்கள். 65535 என்று வந்தால் 48 கேயும் நலம்; 48 கே கணினியில் 32767 என்று வந்தால் மேல் 32 கே வேலை செய்யவில்லை.

இனி கேசட்டுகள். பதிவுக் கருவியில் போடுவதற்கு முன்பே, பின்விளிம்பில் உள்ள பதிவுத் தடுப்புப் பற்களை உடைத்துவிடுங்கள். தவறுதலாக அழித்தது திரும்ப வராது. டேப்பை ஒருமுறை கடைசிவரை ஓட்டித் திரும்பச் சுற்றி, டேப்பைப் படிக்கும் ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, இரைச்சல் நீக்கும் வசதியை அணைத்து, ஒலியை இன்றைய கணினி ஒன்றில் 44,100 ஹெர்ட்ஸில் ஒற்றை ஒலித்தடமாக வேவ் கோப்பில் பதிவு செய்யுங்கள். எம்பி3 வேண்டாம்.

பிறகு அந்தக் கேசட்டையே ஸ்பெக்ட்ரமில் ஏற்றிப் பாருங்கள். கே என்ற எழுத்து மினுக்கும்போது ஜே விசையை அழுத்தினால் லோட் என்ற சொல் முழுதாக வந்து நிற்கும்; சிம்பல் ஷிஃப்ட்டோடு மேற்கோள் குறி உள்ள பி (P) விசையை இருமுறை அழுத்தி, எண்டர் தட்டி, டேப்பை ஓட விடுங்கள். ஓரச்சட்டத்தில் முதலில் சிவப்பும் வெளிர்நீலமுமாக அகலப் பட்டைகள் ஓடும். தரவு தொடங்கியதும் நீலமும் மஞ்சளுமாக மெல்லிய கோடுகள் துடிக்கும். பட்டைகள் சீராக இல்லாவிட்டால், ஹெட்டின் ஓரத்திலுள்ள ஸ்க்ரூவை மிகச் சிறிதளவு திருப்பி, ஒலி மிகக் கூர்மையாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். நிரல் ஏறியதும் சேவ் கொடுத்துப் புதிய கேசட்டில் பதிந்து, அதைத் தொடக்கத்துக்குச் சுற்றி, வெரிஃபை கட்டளையால் நினைவகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஓ.கே. என்று பதில் வரும்வரை கணினியை அணைக்க வேண்டாம்.